நெடுநடையில் தினசரிச் சடங்கும் நன்றிப் பழக்கமும்: கடைசி நாள் வரை நிற்பது எது?

மேட்டுவழி கேட்டது:

வணக்கம் நண்பர்களே. ஆறேழு வாரம் தொடர்ந்து நடக்கும் பயணம் ஒன்றுக்குத் தயாராகிறேன். கூடாரம், அடுப்பு, சாப்பாடு எல்லாம் முதுகில்தான். உடம்பைத் தயார் செய்வது பற்றிப் படிக்க நிறையக் கிடைக்கிறது. மனதைப் பற்றித் தேடினால் "தினமும் மூன்று நன்றி எழுதுங்கள்" என்பதோடு முடித்துவிடுகிறார்கள். எப்போது எழுதுவது, எதில் எழுதுவது, மழையிலும் களைப்பிலும் அது எப்படி நடக்கும் என்று யாரும் சொல்வதில்லை.

எழுத்து தவிர உடம்போடு சேர்ந்த சின்னச் சடங்குகள் ஏதாவது உண்டா? உச்சியில் கல் அடுக்குவது, மரத்தில் துணி கட்டுவது இதெல்லாம் செய்யலாமா? வழியில் தண்ணீர் தருகிறவர், பாதையைப் பராமரிக்கிறவர் போன்றோருக்கு எப்படி நன்றி சொல்வது? அனுபவமுள்ளவர்கள் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

பென்சில்முனை பதில்:

எழுத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

எழுத ஏற்ற நேரம், மாலையில் அடுப்பில் தண்ணீர் வைத்த பிறகு. கேஸ் அடுப்பில் அரை லிட்டர் கொதிக்க மூன்று நான்கு நிமிடம் ஆகும். காற்றும் குளிரும் இருந்தால் இன்னும் இழுக்கும். அந்த நேரத்தில் அடுப்பை விட்டு நகரக் கூடாது, கைக்கு வேறு வேலையும் கிடையாது. படுத்த பிறகு எழுதலாம் என்று வைத்துக்கொண்டால் ஒரு வாரம்கூடத் தாண்டாது. ஸ்லீப்பிங் பேக்குக்குள் உடம்பு சூடேறிவிட்டால் கையை வெளியே எடுக்க மனம் வராது, அப்படியே தூங்கிவிடுவீர்கள்.

மூன்று வரி போதும். முதல் வரி உடம்புக்கு: எங்கே வலி, நேற்றைவிடக் கூடவா குறைவா. இரண்டாம் வரி, இன்று உதவிய ஆள் அல்லது பொருள், இடத்தோடு சேர்த்து. மூன்றாம் வரி, அது கிடைக்காமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது. இந்த மூன்றாம் வரிதான் முக்கியம். "எதிரே வந்த இருவர் மேல் ஊற்று வற்றிவிட்டதாகச் சொன்னார்கள்" என்பது வெறும் தகவல். "சொல்லாமல் போயிருந்தால் ஒரு லிட்டரை வைத்துக்கொண்டு 14 கி.மீ. ஏற வேண்டியிருக்கும்" என்று எழுதும்போதுதான் கிடைத்ததன் கனம் தெரியும்.

இந்தப் பழக்கம் கெடுவது பெரும்பாலும் ஒரே விதத்தில்: "நல்ல காட்சி, நல்ல வானிலை, நல்ல சாப்பாடு" என்று தினமும் அதையே எழுதுவது. இரண்டாவது வாரத்துக்குள் அது வருகைப் பதிவேடாகிவிடும். அழகு, அருமை, நல்ல என்ற மூன்று சொற்களையும் நோட்டுக்குள் விடாதீர்கள். கடந்த ஏழு நாளில் எழுதியதைத் திரும்ப எழுதுவதில்லை என்றும் வைத்துக்கொள்ளுங்கள். அப்போது கண் பகலிலேயே தேட ஆரம்பித்துவிடும். பாதைக் குறியை மறுபடி பெயின்ட் அடித்த கை, மிதிகல் போட்டு வைத்த கை எல்லாம் தட்டுப்படும்.

ஏ6 அளவு நோட்டு, 40 தாள், அட்டையோடு சுமார் 60 கிராம் வரும். பாதியாக நறுக்கிய 2பி பென்சில் ஒன்று. ஜெல் பேனா ஈரம் பட்டால் கலங்கும், பால்பாயின்ட் ஈரத்தாளில் வழுக்கும், கடுங்குளிரில் மை இறங்காது. எச் வகைக் கடினப் பென்சில் நமுத்த தாளைக் கிழித்துவிடும். நோட்டும் பென்சிலும் ஜிப்லாக் கவருக்குள், அந்தக் கவர் சமையல் பாத்திரத்துக்குள். பாத்திரத்தை எடுக்கும்போது நோட்டும் கைக்கு வந்துவிட வேண்டும், அதற்காகத்தான். பையின் அடியில் துணிக்குள் வைத்த நோட்டு வெளியே வராது.

தொடர்மழையில் நோட்டை எடுக்க வேண்டாம். கையுறையோடே மூன்று விரலை மடக்கி, மூன்று வரியையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். அடுத்த காய்ந்த நாளில் ஈரநாட்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு பதிவு. விட்டதையெல்லாம் ஈடுகட்ட உட்கார்ந்தால் அது பாரமாகி மொத்தமும் நின்றுபோகும். போனில் எழுதுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். குளிரில் பேட்டரி வேகமாக இறங்கும், அதே பேட்டரியில்தான் உங்கள் வரைபடமும் இருக்கிறது.

---

காலடிக்கணக்கு பதில்:

பென்சில்முனை சொன்னதில் எனக்குப் பிடித்தது, எப்படியும் செய்தாக வேண்டிய வேலையோடு சடங்கைச் சேர்த்திருப்பது. தனியாகத் தொங்கும் சடங்கு எதுவும் நெடுநடையில் தாங்காது. உடம்புச் சடங்குகளுக்கும் இதேதான்.

முதல் இடம் பாதங்களுக்கு. மாலையில் கூடாரம் போட்டதும், சமையலுக்கு முன், ஐந்து நிமிடம். ஷூவையும் சாக்ஸையும் கழற்றி, ஈரத்துணியால் துடைத்து, விரலிடுக்குகளை நன்றாக உலர்த்துங்கள். பிறகு இரண்டு கட்டைவிரலாலும் உள்ளங்காலைக் குதிகாலிலிருந்து விரல் நோக்கி மெதுவாக அழுத்தி வாருங்கள். சிவந்த இடம், சூடான இடம், தடித்த நகம், பித்தவெடிப்பு எல்லாம் கையிலேயே தெரியும். அன்று தூக்கிச் சுமந்த பாதத்துக்கு அதுவே நன்றி, வார்த்தை தேவையில்லை. கடைசியில் காய்ந்த சாக்ஸ். அந்த ஜோடி தூங்க மட்டும், அதைப் போட்டு நடக்கவே கூடாது. இந்த ஐந்து நிமிடத்தைத் தவறவிட்டால் இன்று உறுத்தலாக இருப்பது நாளை மதியம் கொப்புளமாக நிற்கும். சூடு தெரிந்த இடத்தில் அன்றிரவே டேப் ஒட்ட வேண்டாம், காற்றுப் பட விடுங்கள். காலையில் காய்ந்த தோலில் ஒட்டினால்தான் பிடிக்கும். டேப்பின் மூலைகளை வட்டமாக வெட்டுங்கள், கூர்மூலை சாக்ஸில் சிக்கி உரிந்துவிடும்.

அடுத்தது ஊன்றுகோல். ஜப்பானின் ஷிகோகு தீவில் 88 கோயில்களைச் சுற்றிவரும் யாத்திரை இருக்கிறது, நடந்தால் சுமார் 1,200 கி.மீ. கோலின் வடிவில் கோபோ தாய்ஷி என்ற கூகாய் துறவியே கூட நடப்பதாக நம்பிக்கை. அதனால் தங்குமிடம் சேர்ந்ததும் தன் பாதத்தைக் கழுவுவதற்கு முன் கோலின் நுனியைக் கழுவுகிறார்கள். அவர் ஒருமுறை பாலத்தடியில் இரவைக் கழித்தார் என்பதால் பாலங்களில் கோலை ஊன்றுவதில்லை. நம்பிக்கை உள்ளவர்களுக்கு அது வழிபாடு. மற்றவர்கள் அதன் வரிசையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்: நம்மைத் தாங்கியதை முதலில் கவனி, பிறகு உன்னை. டிரெக்கிங் கோல் வைத்திருப்பவர்களுக்கு இதில் நேரடிப் பயனும் உண்டு. சேற்றைக் கழுவி, நுனி உலோகம் தேய்ந்திருக்கிறதா பார்த்து, மழைநாளில் துண்டுகளைப் பிரித்து உலர வையுங்கள். உள்ளே ஈரம் தங்கினால் துண்டுகளை இறுக்கிப் பிடிக்கும் பூட்டு வழுக்க ஆரம்பிக்கும், இறக்கத்தில் எடை போடும்போது கோல் சட்டென்று உள்ளே போய்விடும்.

காலையில் இடத்தைவிட்டுக் கிளம்புவது மூன்றாவது. பையை மாட்டி, பத்தடி நடந்து, திரும்பி நில்லுங்கள். கூடார முளைகளை எண்ணிப் பைக்குள் போட்டீர்களா? படுத்த இடத்தில் புல்லை நிமிர்த்திவிட்டீர்களா? இடத்தை இடமிருந்து வலமாக ஒருமுறை, மேலே கிளைகளில் ஒருமுறை பாருங்கள். காயப்போட்ட சாக்ஸும் கயிறும் கிளையில்தான் மறந்துபோகும். அதற்குப் பிறகு ராத்தங்க இடம் தந்ததற்கு ஒரு வார்த்தை. முதல் பத்து நிமிடம் மெதுவாக, காதில் எதையும் செருகாமல் நடங்கள். விறைத்த தசைக்கும் இளக நேரம் வேண்டும்.

---

வழிப்பலகை பதில்:

கல், துணி பற்றிக் கேட்டீர்கள். செய்யாதீர்கள் என்பதுதான் என் பதில்.

மரங்களற்ற உயரத்தில் கற்குவியல்தான் பாதைக் குறி. மூடுபனியில் அடுத்த குவியலைப் பார்த்துத்தான் ஆட்கள் நடக்கிறார்கள். அங்கே ஆசைக்கு அடுக்கிய ஒரு குவியல் ஒருவரைச் சரிவுப் பக்கம் இழுத்துவிடலாம். கல்லைப் பெயர்த்தால் அடியிலிருக்கும் மண் அரிக்கும், பூச்சிகளின் வீடு போகும். இன்று கட்டும் துணிகளில் பெரும்பாலானவை பாலியெஸ்டர், மட்காது, நூல் நூலாகப் பிரிந்து பறவைக் காலில் சிக்கும். காய்ந்த புல்லில் விளக்கோ ஊதுபத்தியோ வேண்டவே வேண்டாம். விலங்குக்கு என்று சாப்பாடு வைப்பதும் அன்பாகாது. மனிதச் சோற்றுக்குப் பழகிய விலங்கு கூடாரத்தைத் தேடி வரும், கடைசியில் உயிரிழப்பதும் அதுதான்.

மரபாகவே கல் வைக்கும் இடங்கள் உண்டு. ஸ்பெயினில் சாந்தியாகோ யாத்திரையின் பிரெஞ்சு வழியில், சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், க்ரூஸ் தே ஃபெர்ரோ என்ற இரும்புச் சிலுவை நிற்கிறது. ஊரிலிருந்து கொண்டுவந்த கல்லை அதன் அடியில் விட்டுச்செல்வது வழக்கம். அங்கே வைக்கலாம், அது அந்த இடத்துக்கு உரியது. வேறெங்கும் அந்த ஆசை வந்தால் ஒரு கூழாங்கல்லைக் கையில் எடுத்து, நினைக்க வேண்டியதை நினைத்து, எடுத்த பள்ளத்திலேயே திரும்ப வையுங்கள்.

தண்ணீருக்கு நன்றி என்றால் அதைக் கெடுக்காமல் இருப்பதே. குளியல், பாத்திரம், சோப்பு எல்லாம் ஓடையிலிருந்து 60 மீட்டர், அதாவது எழுபது எட்டு தள்ளி. மட்கும் சோப்புக்கும் இதே கணக்குதான்.

பாதையைப் பராமரிக்கிறவர்கள் பற்றிக் கேட்டதற்கு மனம் நிறைந்த நன்றி. பலரும் கேட்பதே இல்லை. அமெரிக்காவில் சுமார் 3,500 கி.மீ. நீளும் அப்பலாச்சியன் பாதை போன்றவை பெருமளவு தன்னார்வலர்கள் உழைப்பில்தான் நிற்கின்றன. அவர்களுக்கு உங்களால் தர முடிந்த பெரிய உதவி, சரியான தகவல். மரம் விழுந்திருந்தால் ஆயத்தொலைவு (ஜிபிஎஸ் காட்டும் இட எண்கள்), அருகிலுள்ள அடையாளத்திலிருந்து எவ்வளவு தூரம், அடிமரத்தின் குறுக்களவு சென்டிமீட்டரில், தாண்டிப் போக முடிகிறதா, கிளை எதிலாவது மாட்டித் தொங்குகிறதா என்று குறித்து ஒரு படத்தோடு அனுப்புங்கள். குறுக்களவு தெரிந்தால்தான் கைரம்பம் போதுமா, இயந்திர ரம்பம் தூக்க வேண்டுமா என்று முடிவு செய்வார்கள். "வழியில் மரம் கிடக்கிறது" என்று மட்டும் எழுதினால் ஒரு ஆள் முதலில் வெறுங்கையோடு போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். வடிகால் வாய்க்காலில் இலை அடைத்திருந்தால் ஷூ நுனியால் தள்ளிவிட்டுப் போங்கள், பத்து வினாடி வேலை. அடைத்த வாய்க்கால்தான் பாதையை ஓடையாக்குகிறது.

தங்குகுடிலில் பதிவு நோட்டு இருந்தால் தேதி, போகும் திசை, அடுத்த தங்கல் மூன்றையும் முதலில் எழுதுங்கள். ஆள் காணாமல் போனால் தேடுகிறவர்கள் அதைத்தான் முதலில் புரட்டுவார்கள். அதன் கீழே நன்றி.

---

நிதானநடை பதில்:

ஒரு மாற்றுக் கருத்து. நன்றிக் குறிப்பு தினமும் வேண்டுமா என்பது எல்லோருக்கும் ஒரே பதில் இல்லை. உளவியலாளர்கள் ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ இருவரும் 2003ல் வெளியிட்ட ஆய்வை அடிக்கடி எடுத்துச் சொல்வார்கள். அதன் முதல் பகுதியில் வாரத்துக்கு ஒருமுறைதான், ஐந்து விஷயங்கள் வரை எழுதச் சொன்னார்கள். தினமும் எழுதி நமுத்துப்போகிறவர்கள், உடம்பு வரியைத் தினமும் வைத்துக்கொண்டு நன்றி வரிகளை உணவு நிரப்பும் ஓய்வுநாளுக்கு ஒதுக்கலாம். மேசை இருக்கும், வயிறு நிறைந்திருக்கும், எழுத்து நீளும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நன்றிப் பழக்கம் வலியை மறைக்கும் போர்வையாகிவிடக் கூடாது. "நடக்க முடிகிறதே, அதுவே பாக்கியம்" என்று எழுதிக்கொண்டே வீங்கிய குதிகால் தசைநாரோடு நாள்கணக்கில் நடப்பவர்கள் உண்டு. பென்சில்முனை உடம்பு வரியை முதலில் வைத்தது இதற்காகவும்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். உடம்பில் ஒரே இடத்தின் வலி மூன்று நாள் தொடர்ந்து "கூட" என்று வந்தால் நான்காம் நாள் தூரத்தைப் பாதியாக்குங்கள், இல்லை ஓய்வெடுங்கள். கணைக்கால் எலும்பு வலி, கணுக்காலின் பின்பக்க வலி இரண்டையும் மனவலிமையால் தாண்டப் பார்க்க வேண்டாம். மோசமான நாளில் நன்றி எதுவும் தோன்றாவிட்டால் "இன்று ஒன்றுமில்லை" என்று எழுதுங்கள். உண்மையான ஒரு வரி, வரவழைத்த மூன்றைவிடப் பழக்கத்தைக் காப்பாற்றும்.

நேரில் உதவுகிறவர்களிடம், வாங்கிக்கொள்வதிலும் ஒரு முறை வேண்டும். ஷிகோகுவில் நடப்பவருக்கு ஊரார் பழமோ தேநீரோ காசோ தருவார்கள், மறுப்பது வழக்கமில்லை. பதிலுக்கு நடப்பவர் தன் பெயரும் தேதியும் எழுதிய சிறு தாள் ஒன்றைக் கொடுப்பார், பெரும்பாலோர் கையில் இருப்பது வெள்ளைத் தாள், நூறு முறைக்கு மேல் சுற்றியவரின் தாள் பட்டுச் சரிகைத் துணியில் இருக்கும். நீங்களும் விசிட்டிங் கார்டு அளவில் இருபது வெற்று அட்டை கொண்டுபோகலாம். உதவியவர் பெயரைக் கேட்டு, என்ன செய்தார் என்பதை ஒரு வரியில் எழுதி அங்கேயே கொடுங்கள். அவர் விரும்பினால் மட்டும் முகவரி கேளுங்கள்.

---

மேட்டுவழி:

எல்லோருக்கும் மிக்க நன்றி. நோட்டைப் பாத்திரத்துக்குள் வைப்பது எனக்குத் தோன்றியே இருக்காது. கடைசி இரண்டு வாரம் ஒரு நண்பரும் சேர்ந்துகொள்கிறார், அவருக்குச் சடங்குகளில் ஈடுபாடு இல்லை. அப்போது எப்படி? திரும்பி வந்த பிறகு என்ன செய்வது?

---

காலடிக்கணக்கு:

அவரை இழுக்க வேண்டாம், நோட்டை அவருக்கு வாசித்தும் காட்ட வேண்டாம். காலையில் முதல் பத்து நிமிடம் அவரவர் வேகத்தில் போவதாகவும், அடுத்த பிரிவிலோ ஓடையிலோ காத்திருப்பதாகவும் முந்தின இரவே பேசி வையுங்கள். பாதை பிரியும் இடத்தில் மட்டும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் தாண்டக் கூடாது. மாலையில், அவர் அன்று செய்த ஒரு வேலையைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள்: தண்ணீர் வடிகட்டியது, கூடாரத்தின் ஈர மேல்விரிப்பைச் சுமந்தது. சடங்கு பிடிக்காதவருக்கும் அது பிடிக்கும்.

---

பென்சில்முனை:

திரும்பிய பிறகு வெறுமை வரும், பலருக்கும் வருவதுதான். பாதங்களைத் தினமும் பார்க்கும் ஐந்து நிமிடத்தை விடாதீர்கள், வீங்கிய பாதம் பழைய அளவுக்குத் திரும்பச் சில வாரம் ஆகும். நன்றிக் கடிதங்களை முதல் பத்து நாளுக்குள் எழுதிவிடுங்கள், அதற்குமேல் போனால் முகமும் இடமும் ஒன்றோடொன்று கலந்துவிடும். நோட்டின் இரண்டாம் வரிகளை மட்டும் வரிசையாகப் படித்தால் யார் யாருக்கு என்ற பட்டியல் கிடைத்துவிடும். பட்டியலில் முகவரி தெரியாதவர் இருந்தால், அவரைச் சந்தித்த பகுதியின் பாதையைப் பராமரிக்கும் குழுவுக்கு எழுதுங்கள். எந்த ஊற்று வற்றியிருந்தது, எந்தக் குறி மங்கியிருந்தது என்பதையும் தேதியோடு அதே கடிதத்தில் சேர்த்துவிடுங்கள்.