ஸ்மால் சைஸ் பிசிடி காது வரை ஏறியது, உங்களுக்கும் நடந்ததா?

அலைமகள்

உயரம் 148, எடை 42. போன மார்ச்சில் அந்தமான் ஹேவ்லாக்கில் ஸ்கூபா டைவ் போனபோது நடந்தது, இன்னும் மனசை விட்டுப் போகவில்லை.

கரையில் பிசிடியை (டேங்கை முதுகில் தாங்கி, காற்று ஏற்றினால் மிதக்க வைக்கும் மேல்சட்டை) மாட்டிப் பார்த்தபோது பரவாயில்லை என்றுதான் தோன்றியது. தோள் பட்டைகளைக் கடைசி வரை இழுத்தாயிற்று, வயிற்று வெல்க்ரோ ஒன்றின் மேல் ஒன்று முழுக்க ஏறி விலா வரை போய்விட்டது, "இருக்கிறதிலேயே சின்னது இதுதான் மேடம்" என்றார்கள். டைவ் முடிந்து மேலே வந்து காற்றை முழுக்க ஏற்றினேன். நான் இருந்த இடத்திலேயே இருக்கிறேன், பிசிடி மட்டும் மேலே கிளம்புகிறது. தோள் பட்டை இரண்டும் காதுக்கு வந்துவிட்டன, மார்புக் கொக்கி தொண்டைக்குழியில் அழுத்துகிறது, முகவாய் வானத்தைப் பார்த்து நிற்கிறது. படகு எந்தப் பக்கம் என்று திரும்பிப் பார்க்க முடியவில்லை. சின்ன அலை ஒன்று வாயில் அடித்தது, டேங்க் காற்றை இழுக்கும் ரெகுலேட்டரை எடுத்து வாயில் வைக்கலாம் என்றால் பட்டைக்குள் சிக்கிய கை எழவில்லை. கூட வந்தவர் பின்னால் நீந்தி வந்து டேங்கின் அடியைப் பிடித்துக் கீழே இழுத்த பிறகுதான் கழுத்து வெளியே வந்தது. மொத்தமே அரை நிமிடம் இருக்கும். 18 மீட்டர் ஆழத்தில் வராத பயம் படகுக்குப் பக்கத்தில் மிதக்கும்போது வந்தது.

என்னைப் போல் உடம்பு உள்ளவர்கள் எதைப் போடுகிறீர்கள்?

கடல்குதிரை

அக்கா, எனக்கு மேலே ஏறவில்லை, பக்கவாட்டில் உருண்டது. மலேசியாவின் தியோமான் தீவில், சிங்கப்பூரிலிருந்து வார இறுதிக்குப் போவோமே, அப்படி ஒரு பயணத்தில். 151 செ.மீ, 45 கிலோ. ஆமை ஒன்று பவளத்துக்கு அடியில் படுத்திருந்தது, பார்க்கலாம் என்று லேசாகச் சாய்ந்தேன், டேங்க் இடது பக்கம் சரிந்து என்னையும் இழுத்துக்கொண்டு போய் மல்லாக்கப் போட்டுவிட்டது. நான் புரண்ட வேகத்தில் ஆமையின் மேல் மணல் கொட்டியது, அது எழுந்து போய்விட்டது. அந்தக் காட்சிதான் இன்னும் கண்ணில் இருக்கிறது.

அதற்கப்புறம் வாடகைப் பிசிடியே தொடுவதில்லை. முதுகில் படியும் பின்தகடு, அதன் பின்னால் ஒரு சின்னக் காற்றுப்பை, ஐந்து செ.மீ அகலத்தில் ஒரே நீளப் பட்டை, அவ்வளவுதான் என் செட். பட்டையை நம் தோளுக்கு அளந்து நாமே வெட்டிக்கொள்ளலாம், நுனியைத் தீயில் காட்டினால் பிரியாது. முதல் தடவை கோத்து முடிக்க ஒரு முழுச் சாயங்காலம் ஆனது. ஆனால் கால் இடையில் போகும் பட்டை ஒன்று உண்டு பாருங்கள், அதுதான் உங்கள் பிரச்சினைக்கு மருந்து. அது கீழே பிடித்துக்கொள்வதால் காது வரை ஏறவே ஏறாது. தகடு வாங்கும்போது குட்டைத் தகடாகக் கேளுங்கள், நீளமானது வால் எலும்பில் இடிக்கும். ஸ்டீல் தகடே சுமார் இரண்டு கிலோ இருக்கும் என்பதால், மூழ்குவதற்காக இடுப்பில் கட்டும் ஈயத்தில் கிட்டத்தட்ட அந்த அளவு குறையும்.

நங்கூரம்

நானும் 158 செ.மீ ஆள்தான், ஒல்லி. கர்நாடகத்தின் நேத்ராணி தீவில் மீடியம் போட்டு மூன்று டைவ் போனேன், ஒன்றும் ஆகவில்லை. மன்னிக்கவும், இது பிசிடி குற்றமாக எனக்குப் படவில்லை. ஈயம் அதிகமாக இருந்திருக்கும். அதிக ஈயம் இருந்தால் மேலே மிதக்க அதிகக் காற்று ஏற்ற வேண்டும், அதிகக் காற்று ஏற்றினால் பை உப்பிக் கழுத்தை நெரிக்கும்.

முதலில் எடையைச் சரிபாருங்கள். டைவ் முடிவில் டேங்கில் 50 பார் அழுத்தம் மிச்சம் இருக்கும்போது, பிசிடியில் இருக்கும் காற்றையெல்லாம் வெளியேற்றிவிட்டு, சாதாரணமாக ஒரு மூச்சை இழுத்துப் பிடித்தபடி காலை அசைக்காமல் நில்லுங்கள். தண்ணீர் கண் மட்டத்தில் நிற்க வேண்டும், மூச்சை விட்டால் மெதுவாக இறங்க வேண்டும். நிறைந்த டேங்கோடு பார்த்தால் அதற்கு மேல் சுமார் 2 கிலோ கூட்டிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் 11 லிட்டர் அலுமினிய டேங்கில் 200 பாருக்கு அடைத்த காற்றின் எடையே இரண்டரைக் கிலோவுக்கு மேல். அது தீரத் தீர டேங்க் மிதக்கப் பார்க்கும். தொடக்கத்தில் வழிகாட்டி பயத்துக்காக ஒரு கட்டி ஈயம் கூடுதலாக மாட்டிவிடுவது எல்லா இடத்திலும் நடக்கிறது. இதைச் செய்யாமல் புதுப் பிசிடிக்கு ஐம்பதாயிரம் செலவு செய்வதில் அர்த்தமில்லை. போட்டது 3 மி.மீ வெட்சூட்டா (உடம்பை ஒட்டிய ரப்பர் உடை) 5 மி.மீ வெட்சூட்டா என்பதையும் குறித்து வையுங்கள், ஒவ்வொரு டைவுக்கும் ஒரு நோட்டில் எழுதுங்கள்.

அலைமகள்

நங்கூரம் அண்ணா, நீங்கள் சொன்ன சோதனையை நான் செய்திருக்கிறேன். அன்று என்னிடம் இருந்தது 3 கிலோ, அதிகம் இல்லை. ஈயம் சரியாக இருந்தாலும் அந்தப் பிசிடி ஏறத்தான் செய்யும், ஏனென்றால் அதை இடுப்பில் பிடித்துவைக்க ஒன்றும் இல்லை. உங்கள் உயரத்துக்கும் எனக்கும் பத்து செ.மீ வித்தியாசம், அது முழுக்க முதுகில்தான் தெரிகிறது. மீடியம் உங்களுக்குச் சரியாக இருந்தது என்பதை வைத்து எனக்குச் சொல்லாதீர்கள்.

செவ்வந்தி

நான் டைவர் இல்லை, அம்மா. என் மகளுக்கு 11 வயது, 31 கிலோ. புதுச்சேரியில் ஜூனியர் பயிற்சிக்குச் சேர்த்தோம் (10 வயதிலிருந்து எடுக்கிறார்கள், அந்த வயதுக்கு 12 மீட்டர் வரைதான்). குளத்தின் விளிம்பில் உட்கார்ந்து எழுந்திரு என்றார் பயிற்சியாளர். பிள்ளை எழுந்தாள், டேங்க் பின்னால் இழுக்க அப்படியே திரும்ப உட்கார்ந்துவிட்டாள், அதன் அடிப்பாகம் தரையில் டங்கென்று இடித்தது. அவள் அழவில்லை, என்னை மட்டும் நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையை என்னால் மறக்க முடியவில்லை.

அப்புறம் அவரே சின்ன டேங்கும் குழந்தைகள் அளவுப் பிசிடியும் வரவழைத்தார், அதற்கு இரண்டு வாரம் காத்திருந்தோம். காத்திருந்தது நல்லது.

நிலாவெளி

செவ்வந்தி அக்கா செய்ததுதான் சரி, சின்ன டேங்க் என்பதை ஒருவரும் யோசிப்பதில்லை. பொதுவாகத் தரும் அலுமினிய டேங்க் 66 செ.மீ உயரம். என் முதுகை அளந்து பார்த்தேன், கழுத்தின் பின்னால் துருத்தி நிற்கும் எலும்பிலிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்பு வரை 37 செ.மீதான். டேங்கை மேலே ஏற்றிக் கட்டினால் டேங்க் உச்சியில் மாட்டியிருக்கும் ரெகுலேட்டர் பாகத்தில் தலை இடிக்கும், கீழே இறக்கினால் தொடையின் பின்பக்கம் தட்டும். இலங்கையின் புறாத்தீவில் முதல் டைவில் மேலே நிமிர்ந்து பார்த்த ஒவ்வொரு முறையும் பின்மண்டை இடிபட்டது, டைவ் முழுக்கத் தரையையே பார்த்துக்கொண்டு போனேன். தலைக்கு மேலே திருக்கை போனது என்று மற்றவர்கள் படகில் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

கடைகள் தரும் அளவு அட்டையில் மார்பும் உயரமும்தான் இருக்கும், முதுகு நீளம் பெரும்பாலும் இருக்காது. ஆகவே அதை நீங்களே அளந்துகொண்டு போங்கள். கடையில் வெட்சூட்டையும் போட்டுக்கொண்டு மாட்டிப் பாருங்கள். காற்றை முழுக்க ஏற்றச் சொல்லுங்கள், ஒருவரைத் தோள் பட்டையைப் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள், இரண்டு விரல் அகலத்துக்கு மேல் ஏறினால் வேண்டாம் என்று வைத்துவிடுங்கள். உப்பிய நிலையில் ஆழமாக மூச்சு விட முடிகிறதா என்று பாருங்கள். வலது கையைப் பின்னால் கொண்டுபோய் இடுப்புக்குக் கீழே இருக்கும் காற்றுத் திறப்பின் கயிறு எட்டுகிறதா என்றும் பாருங்கள், எனக்கு இரண்டு மாடலில் எட்டவே இல்லை. பெண்களுக்கு என்று விற்பவற்றில் தோள் பட்டை வளைந்து மார்புக்கு வெளியே போகும், அது நல்லதுதான், ஆனால் முதுகு நீளம் குறைந்திருக்கும் என்று நம்பிவிடாதீர்கள்.

கடல்குதிரை சொன்ன தகடு நல்லது. ஆனால் எல்லோருக்கும் அல்ல. படகில் டேங்கோடு உட்கார்ந்திருக்கும்போது என் முதுகெலும்பில் தகடு குத்தியது, நான் மெத்தை வைத்த, காற்றுப்பை முதுகுப் பக்கம் மட்டும் இருக்கும் பிசிடிக்கே வந்துவிட்டேன்.

கடல்குதிரை

தகட்டுக்கும் மெத்தை தனியாகக் கிடைக்கும், அதை மாட்டினால் குத்தாது.

அலைமகள்

எல்லோருக்கும் நன்றி. நேற்றே அளந்துவிட்டேன், 36 செ.மீ. பிப்ரவரியில் புதுச்சேரி போகிறேன். குட்டைத் தகடு வைத்திருப்பவர்கள் யாராவது அந்தப் பக்கம் வந்தால் குளத்தில் ஒரே ஒரு தடவை மாட்டிப் பார்க்கத் தருவீர்களா? காற்றை முழுக்க ஏற்றிக்கொண்டு தலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும், அது போதும்.