பழைய டேப்லெட்டுக்குப் பேட்டரி மாற்றுவதா, புதிதாக வாங்குவதா? கோத்தகிரியிலிருந்து ஓர் ஐயம்

கேள்வி (கோத்தகிரி)

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரிக்கு அருகே ஒரு சிற்றூரில் சிறிய தேயிலைத் தோட்டம் வைத்திருக்கிறோம். 2019 ஆம் ஆண்டு வாங்கிய பத்து அங்குல ஆண்ட்ராய்டு டேப்லெட் ஒன்று வீட்டில் உள்ளது, 2 ஜி.பி. ரேமும் 32 ஜி.பி. சேமிப்பும் கொண்டது. பதினோராம் வகுப்பில் உயிரியல் பிரிவில் படிக்கும் மகள், பாடநூல்களின் பி.டி.எஃப். கோப்புகளைப் படிப்பதற்கும் நீட் பயிற்சிக் காணொலிகளைப் பார்ப்பதற்கும் அதைத்தான் நம்பியிருக்கிறாள். பச்சை இலை எடைக் கணக்கையும் நான் அதிலேயே எழுதி வைக்கிறேன்.

இப்போது காலை ஆறு மணிக்கு அவள் படிக்க உட்கார்ந்தால், 40 விழுக்காடு சார்ஜ் இருப்பதாகக் காட்டிக்கொண்டிருக்கும்போதே டேப்லெட் அணைந்துவிடுகிறது. சார்ஜரில் செருகி மறுபடி இயக்கினால், ஒன்றும் நடக்காததுபோல் 35 விழுக்காடு என்கிறது. பி.டி.எஃப். பக்கத்தைத் திருப்பினால் வெற்றுத் திரை சற்று நேரம் நின்ற பிறகே எழுத்துகள் தோன்றுகின்றன. பயிற்சி வகுப்பின் செயலியோ, தன் புதிய பதிப்பு இந்தக் கருவிக்குப் பொருந்தாது என்று கைவிரித்துவிட்டது.

இங்குள்ள ஒரு கடையில் காட்டியபோது, அதை வாங்கிக்கூடப் பார்க்காமல், விசைப்பலகையும் பேனாவும் சேர்ந்த 45,000 ரூபாய் டேப்லெட் ஒன்றை எடுத்து வைத்தார்கள். எங்களால் அதிகபட்சம் 22,000 ரூபாய் செலவிட இயலும். இலை விலை இருக்கும் நிலையில் அதுவும் யோசித்துச் செய்ய வேண்டிய செலவுதான். பேட்டரியை மட்டும் மாற்றினால் இன்னும் இரண்டு ஆண்டுகள் ஓட்ட முடியுமா? அல்லது புதியது வாங்குவதே முறையா? விவரம் தெரிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் (உதகை)

வணக்கம் சகோதரி. நெடுங்காலமாகக் கைப்பேசிப் பழுது பார்க்கும் வேலையில் இருக்கிறேன். உங்கள் கேள்வியில் மூன்று வெவ்வேறு பழுதுகள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்காமல் முடிவெடுக்க வேண்டாம்.

முதலில், அணைந்துபோவது. திரையில் தெரியும் விழுக்காடு ஒரு மதிப்பீடுதான். லித்தியம் பேட்டரியின் உள்ளே நடக்கும் வேதிவினை குளிரில் மந்தமாகி, உள்மின்தடை கூடிவிடும். அந்த நேரத்தில் காணொலி போன்ற பளுவான வேலையைக் கொடுத்தால் மின்னழுத்தம் சட்டென்று சரிந்து, குறைந்தபட்ச எல்லைக்குக் கீழே போனதும் கருவி தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். பளு நீங்கியதும் மின்னழுத்தம் மீண்டும் ஏறுவதால்தான் உங்களுக்கு 35 விழுக்காடு தெரிகிறது. புதிய பேட்டரி இந்தக் குளிரை ஓரளவு தாங்கிக்கொள்ளும், தேய்ந்த பேட்டரி தாங்காது. தலைக்குந்தா பக்கம் உறைபனி விழும் மாதங்களில் என்னிடம் வரும் பழைய கைப்பேசிகளில் பெரும்பாலானவற்றுக்கு இதே குறைதான். இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: வெப்பநிலை சுழியத்தை நெருங்கும்போது லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் செய்தால், மின்முனையின் மேல் லித்தியம் உலோகமாகப் படிந்து நிலையான கேடு உண்டாகும். இரவில் சன்னலோரத்தில் சார்ஜ் போட்டு வைக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

அடுத்து, பக்கம் தாமதமாகத் திறப்பதற்குச் சேமிப்பு நிரம்பியிருப்பது காரணமாக இருக்கலாம். செயலி பொருந்தவில்லை என்பது ஆண்ட்ராய்டு பதிப்பைச் சார்ந்தது. அதைப் பேட்டரியோ துப்புரவோ தீர்க்காது.

ஆகவே நான்கு விவரங்கள் வேண்டும். மாலையில், அடுப்பங்கரை போன்ற கதகதப்பான அறையில் பயன்படுத்தினால் எத்தனை விழுக்காடு வரை தாங்குகிறது? சேமிப்பில் எவ்வளவு இடம் மீதம் உள்ளது? அமைப்புகளுக்குள் சென்று பார்த்தால் ஆண்ட்ராய்டு பதிப்பும் கடைசிப் பாதுகாப்புப் புதுப்பிப்பின் தேதியும் என்னவென்று காட்டுகின்றன? கடைசியாக, டேப்லெட்டைச் சமதளமான மேசையில் திரை மேலே தெரிய வைத்து, அது முழுமையாகப் படிந்து உட்காருகிறதா என்று பாருங்கள்.

கேள்வி கேட்டவர் (கோத்தகிரி)

மிக்க நன்றி அண்ணா. மாலையில் சமையலறையில் வைத்துப் பார்த்தபோது 15 விழுக்காடு வரை அணையாமல் தாங்கியது. சேமிப்பில் 1 ஜி.பி.கூட மீதமில்லை, பாதிக்கு மேல் வாட்ஸ்அப் படங்களும் காணொலிகளும்தான். ஆண்ட்ராய்டு 10 என்றும், பாதுகாப்புப் புதுப்பிப்பு 2021 ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது என்றும் காட்டுகிறது.

மேசையில் வைத்ததைச் சொல்ல வேண்டும். அது படிந்து உட்காரவில்லை. ஓரத்தைத் தொட்டால் நடுவயிற்றில் ஊன்றிக்கொண்டு பம்பரம் போலச் சுழல்கிறது. இடப்பக்கம் பின்மூடிக்கும் திரைக்கும் நடுவே என் நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டிருக்கிறது. உறை போட்டே வைத்திருந்ததால் இதுவரை கண்ணில் படவில்லை.

பதில் (உதகை)

இனி அதைச் சார்ஜரில் செருகவே வேண்டாம் சகோதரி. பேட்டரி உப்பியிருக்கிறது, உள்ளே உள்ள திரவம் சிதைந்து வாயு சேர்ந்திருக்கிறது. பின்மூடியை அழுத்தி மூடப் பார்ப்பதும், ஊசியால் குத்தி வாயுவை வெளியேற்ற முயல்வதும் தீப்பிடிப்பதில் போய் முடியலாம். மீதமுள்ள சார்ஜிலேயே கணக்குகளையும் வேண்டிய படங்களையும் கைப்பேசிக்கு அனுப்பிவிட்டு, கூகுள் கணக்கிலிருந்து வெளியேறி, கருவியை அணைத்துவிடுங்கள். அடுப்புக்கும் விறகுக்கும் எட்ட, சிமெண்ட் தரையில் தனியாக வைத்திருங்கள். குப்பை வண்டியில் போடாமல், மின்னணுக் கழிவு பெறும் இடத்திலோ அந்நிறுவனத்தின் சேவை மையத்திலோ ஒப்படைக்க வேண்டும்.

பேட்டரி மாற்றலாமா என்றால், பொதுவாக நான் மாற்றுவதையே பரிந்துரைப்பவன். ஆனால் இங்கே அந்தச் செலவு எதை மீட்டுத் தரும் என்று பாருங்கள். பத்து அங்குலத் திரையைச் சூடாக்கிப் பெயர்த்து, பசையோடு ஒட்டியிருக்கும் பேட்டரியை எடுக்கும்போது திரை உடையும் அபாயம் உண்டு. 2019 ஆம் ஆண்டுக் கருவிக்கு அசல் பேட்டரி கிடைப்பதும் அரிது. எல்லாம் சரியாக முடிந்தாலும் உங்கள் கையில் இருக்கப்போவது அதே 2 ஜி.பி. ரேமும், பயிற்சிச் செயலி ஏற்காத அதே ஆண்ட்ராய்டு 10 உம்தான். செலவிட வேண்டாம் என்பதே என் கருத்து.

பதில் (குன்னூர்)

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். 22,000 ரூபாய்க்குப் பழைய ஐபேட் ஒன்றை வாங்கிவிடலாமே அக்கா. எங்கள் வீட்டில் ஒன்று பல ஆண்டுகளாக எந்தச் சிக்கலும் இல்லாமல் ஓடுகிறது. அதே விலையில் கிடைக்கும் புதிய ஆண்ட்ராய்டு டேப்லெட்டைவிட அதன் வேகம் கூடுதலாகவே இருக்கும்.

பதில் (கொடைக்கானல்)

மேல்நிலை வகுப்புகளுக்குப் பாடம் நடத்துபவன் என்ற முறையில் சில சொல்கிறேன், அம்மா.

குன்னூர் நண்பர் சொல்வதில் உண்மை உண்டு. ஐபேடுகளுக்கு நீண்ட காலம் புதுப்பிப்பு கிடைக்கிறது. ஆனாலும் அதற்கும் ஒரு முடிவு வரும். 2019 இல் வெளிவந்த ஏழாம் தலைமுறை ஐபேடுக்கு, 2025 செப்டம்பரில் வந்த ஐபேட் ஓ.எஸ். 26 தரப்படவில்லை, 2020 இல் வந்த எட்டாம் தலைமுறைக்குத் தரப்பட்டது. பழையது வாங்குபவர் எந்தத் தலைமுறை என்று பார்த்து வாங்காவிட்டால், பேட்டரி தேய்ந்த, புதுப்பிப்பு முடியும் தறுவாயில் உள்ள ஒன்றுக்குத்தான் பணம் கொடுப்பார். இப்போது நம் கோத்தகிரி அம்மாவை இங்கே கொண்டுவந்திருக்கும் சிக்கலும் அதுவேதான்.

உங்கள் மகளுக்கு எது தேவை என்பதிலிருந்து தொடங்குவோம். பேனா தேவையில்லை. 2025 ஆம் ஆண்டின் நீட் தேர்வு 180 வினாக்களுக்கு 180 நிமிடங்கள் என்ற கணக்கில், விடைத்தாளில் பேனாவால் வட்டங்களை நிரப்பும் முறையில்தான் நடந்தது. பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வும் தாளில் எழுதுவதே. வேதியியல் சமன்பாடுகளையும் தாவரவியல் படங்களையும் காகிதத்தில் எழுதி வரைந்து பழகுகிற பிள்ளைக்குத்தான் தேர்வறையில் கை ஓடும். கடைக்காரர் எடுத்து வைத்த பேனாவும் விசைப்பலகையும் இந்த வேலைக்கு உதவா. மடிக்கணினி பற்றிய யோசனையைக் கல்லூரிக் காலத்துக்கு ஒத்தி வைக்கலாம்.

திரையின் அளவில் மட்டும் சிக்கனம் வேண்டாம். நம் பாடநூலின் முழுப் பக்கத்தையும் எட்டு அங்குலத் திரையில் வைத்தால், படங்களின் பகுதிப் பெயர்களைப் படிக்க ஒவ்வொரு முறையும் பெரிதாக்க வேண்டியிருக்கும். ஒரு மணி நேரத்தில் பிள்ளை சலித்துப்போவாள். பத்தரை அல்லது பதினோரு அங்குலத்தில் நிமிர்த்திப் பிடித்தால் பக்கம் முழுதும் வாசிக்கக் கிடைக்கும்.

ரேம் 6 ஜி.பி.யாவது இருக்கட்டும், 8 கிடைத்தால் நல்லது. சேமிப்பு 128 ஜி.பி.க்குக் குறைய வேண்டாம். அந்தச் சேமிப்பு எந்த வகை என்றும் கேளுங்கள். இ.எம்.எம்.சி. வகை ஒரே நேரத்தில் படிக்கவும் எழுதவும் இயலாதது. அதன் உச்ச வேகமே நொடிக்கு 400 மெகாபைட்தான். யூ.எஃப்.எஸ். வகை இரண்டையும் சேர்ந்தே செய்யும். காணொலி ஒன்று பதிவிறங்கிக்கொண்டிருக்கும்போது பி.டி.எஃப். பக்கத்தைத் திருப்பினால் வேறுபாடு கண்ணுக்கே தெரியும். மெமரி கார்டு போட்டுக்கொள்ளலாம் என்று கடையில் சொல்வார்கள். கோப்புகளை வைக்க அது உதவுமே தவிர, செயலிகளின் வேகத்தைக் கூட்டாது.

எல்லாவற்றையும்விட நான் முக்கியமாகக் கருதுவது புதுப்பிப்புக் காலம். நிறுவனம் தருவதாகச் சொல்லும் ஆண்டுகள், பெரும்பாலும் அந்த மாடல் முதன்முதலில் வெளிவந்த நாளிலிருந்து எண்ணப்படுகின்றன; நீங்கள் ரசீது வாங்கிய நாள் கணக்கில் வராது. பண்டிகைத் தள்ளுபடியில் மலிவாகக் கிடைக்கும் இரண்டாண்டுப் பழைய மாடல் இந்த வகையில் அவ்வளவு மலிவானது அன்று. மகள் பன்னிரண்டாம் வகுப்பை முடித்து, கல்லூரியிலும் ஓரிரு ஆண்டு பயன்படுத்த வேண்டுமென்றால், இன்னும் மூன்று ஆண்டுகளாவது பாதுகாப்புப் புதுப்பிப்பு மீதமிருக்கும் மாடலாகப் பாருங்கள். அப்படி ஒன்று உங்கள் தொகைக்குள் கிடைத்தால் வாங்கலாம். கிடைக்காவிட்டால் கிடைக்கும்வரை கைப்பேசியில் ஓட்டுவதே மேல்.

பதில் (கூடலூர்)

சிம் போடும் வகையா, வைஃபை மட்டும் உள்ள வகையா என்பதை யாரும் சொல்லவில்லையே. நம் மலையில் ஒரு வளைவு தாண்டினால் சிக்னல் மாறிவிடும். உங்கள் வீட்டில் எந்த நிறுவனத்தின் சிக்னல் நிலையாகக் கிடைக்கிறது, கேபிள் இணையம் உண்டா?

கேள்வி கேட்டவர் (கோத்தகிரி)

கேபிள் இணையம் எங்கள் ஊர்வரை வரவில்லை அண்ணா. என் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டைத்தான் மகள் பயன்படுத்துகிறாள். திண்ணையில் சிக்னல் நன்றாக இருக்கும். உள் அறையில் விட்டு விட்டு வரும். நான் இலை எடை போடப் போய்விட்டால் அவளுக்கு இணையம் இல்லை.

பதில் (கூடலூர்)

அப்படியானால் சிம் வகைக்குச் சில ஆயிரம் கூடுதலாகக் கொடுப்பது உங்கள் விஷயத்தில் வீண் இல்லை என்று முதலில் தோன்றும். ஆனால் டேப்லெட்டுக்குத் தனி சிம் என்றால் மாதந்தோறும் தனி ரீசார்ஜ். அதையும் விலையோடு கூட்டிப் பாருங்கள். உள் அறையில் கைப்பேசிக்கே விட்டு விட்டு வரும் சிக்னல் டேப்லெட்டுக்கு மட்டும் நிலையாக வந்துவிடாது. வைஃபை வகையை வாங்கி, வீட்டில் சும்மா கிடக்கும் பழைய கைப்பேசி ஏதேனும் இருந்தால் அதில் ஒரு சிம்மைப் போட்டு, திண்ணைப் பக்கச் சன்னலில் ஹாட்ஸ்பாட்டாக வைத்துவிடலாம். சிக்னல் நன்றாக உள்ள இடத்தில் அது நிற்கும். பிள்ளை கதகதப்பான அறையில் உட்கார்ந்து படிக்கலாம். மழைக்காலத்தில் மரம் விழுந்து மின்சாரம் போகும் நாட்களுக்காக, காணொலிகளை முன்னதாகவே பதிவிறக்கி வைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர் (கோத்தகிரி)

அனைவரும் சொன்னதைக் கேட்டு, பழையதற்கு இனிச் செலவிடுவதில்லை என்றும், வைஃபை வகையில் பதினோரு அங்குலப் புதிய டேப்லெட் ஒன்று வாங்குவதென்றும் முடிவு செய்துவிட்டோம். என் கணவரின் பழைய கைப்பேசியைத் திண்ணைக்கு ஒதுக்கிவிடலாம். கொடைக்கானல் ஐயா சொன்ன அளவுகளைத் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். மேட்டுப்பாளையம் போகும் வேலை இருப்பதால் அங்கேயே வாங்கலாம் என்று நினைக்கிறோம். கடையில் எதைச் சோதித்துப் பார்க்க வேண்டும்?

பதில் (உதகை)

உயிரியல் பாடநூலின் பி.டி.எஃப். கோப்பைக் கைப்பேசியில் எடுத்துச் செல்லுங்கள். கடையில் காட்சிக்கு வைத்திருக்கும் அதே மாடலில் அதைத் திறந்து, படங்கள் நிறைந்த பக்கங்களை வேகமாகத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள் மகளிடம். நிறுவனத்தின் விளம்பரக் காட்சியைவிட அந்தப் பக்கங்கள் உண்மையைச் சொல்லும். பயிற்சிச் செயலி அந்த மாடலில் நிறுவப்படுகிறதா என்பதையும் அங்கேயே பார்த்துவிடுங்கள். அது தெரியாமல் பணம் கொடுக்க வேண்டாம். வைட்வைன் என்ற பாதுகாப்பு முறையில் எல்1 நிலை உள்ளதா என்றும் கேளுங்கள். எல்3 மட்டும் இருந்தால், பூட்டுப் போட்ட காணொலிகள் சில தெளிவு குறைந்தே ஓடும், கரும்பலகை எழுத்து மங்கலாகத் தெரியும்.

பெட்டியின் முத்திரை உடையாமல் இருக்க வேண்டும். வரிசை எண் ரசீதில் எழுதப்பட வேண்டும். உத்தரவாதத்தில் பேட்டரியும் அடங்குமா, எத்தனை மாதங்களுக்கு என்பதையும் படித்துப் பாருங்கள். சார்ஜர் பெட்டிக்குள் வருகிறதா என்று கேட்டுவிடுங்கள். சில மாடல்களில் வயர் மட்டுமே இருக்கிறது. உறை வாங்கும்போது எளிதில் கழற்றக்கூடியதாக வாங்கி, மாதம் ஒருமுறை கழற்றி மேசையில் வைத்துப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர் (கோத்தகிரி)

அப்படியே செய்கிறோம் அண்ணா. பழையதையும் உறையோடு எடுத்துக்கொண்டு போய், கோயம்புத்தூரில் உள்ள சேவை மையத்தில் ஒப்படைத்துவிடலாமா, அல்லது பேருந்தில் கொண்டுபோவது ஆபத்தா?

பதில் (உதகை)

சார்ஜ் முழுதும் இறங்கிய நிலையில், அணைத்து, உறையைக் கழற்றிவிட்டு, எதுவும் அழுத்தாதபடி ஓர் அட்டைப் பெட்டியில் தனியாக வைத்து மடியில் எடுத்துச் செல்லுங்கள். மற்ற சாமான்களோடு பைக்குள் திணிக்க வேண்டாம். புறப்படும் முன் சேவை மையத்துக்குத் தொலைபேசியில் பேசி, உப்பிய பேட்டரியை வாங்கிக்கொள்கிறார்களா என்று உறுதி செய்துகொண்டு கிளம்புங்கள்.