சூடேறி நின்ற ஃபார்ச்சூனர் 3.0 டீசல்: கேஸ்கட் போதுமா, சிலிண்டர் போர் எடுக்கணுமா, வேற இன்ஜின் மாத்தணுமா?

தேவகோட்டை ரஸ்தா (கேள்வி):
எல்லாருக்கும் வணக்கம். வண்டி 2012 ஃபார்ச்சூனர் 3.0, 4×4, மேனுவல் கியர், ஓடினது 2,40,000 கி.மீ. ஆத்தங்குடி கல் ஏத்தின டிரெய்லரை இழுத்துட்டு வரும்போது ரேடியேட்டர் கீழ் ஹோஸ் பிஞ்சு தண்ணி முழுக்கப் போயிடுச்சு. முள் சிவப்பு வரைக்கும் ஏறிட்டு மறுபடி இறங்கினதால டிரைவர் நிறுத்தல. கொஞ்ச தூரத்துல இன்ஜின் தானாவே இழுத்துப் பிடிச்சு நின்னுடுச்சு.

ஆறின பிறகு ஹோஸ் மாத்தி, தண்ணி ஊத்தி ஸ்டார்ட் பண்ணினா மூணு சிலிண்டர்ல ஓடுது. வெள்ளைப் புகை, ரிசர்வ் டப்பாவில குமிழி. ஆயில் லெவல் ஏறி மோர் கலர்ல இருக்கு. ஒரு ஒர்க்‌ஷாப்ல ஹெட் கேஸ்கட் (இன்ஜின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்கிற தகடு) மாத்தினா போதும்னு சொல்றாங்க. இன்னொரு இடத்துல, இதைத் தொடவே வேண்டாம், செகண்ட்ஸ் இன்ஜின் வாங்குங்கன்னு சொல்றாங்க. எதை நம்புறது?

காரைக்குடி டீசல்:
சார், முதல்ல இன்ஜினை இனி ஒரு தடவை கூட ஸ்டார்ட் பண்ணாதீங்க. தண்ணி கலந்த ஆயில் பேரிங்குக்கு விஷம். சிலிண்டருக்குள்ள தண்ணி தேங்கி நிக்கும்போது செல்ஃப் அடிச்சா கனெக்டிங் ராடு வளைஞ்சிடும். இன்னைக்கே ஆயிலை இறக்கி ஃபில்டரைக் கழட்டுங்க. ஃபில்டரை வெட்டித் தாளை விரிச்சுப் பாருங்க. வெள்ளி நிறத் தூள் மினுமினுத்தா பிஸ்டனோ பேரிங்கோ தேய்ஞ்சிருக்கு. கழட்ட நாளாகும்னா, குளோ பிளக் (சிலிண்டரைச் சூடேத்துற பிளக்) நாலையும் எடுத்துட்டு, கிராங்கை (இன்ஜினோட முக்கியச் சுழல் தண்டு) கையால சுத்தித் தண்ணியை வெளியேத்திட்டு, ஒவ்வொரு ஓட்டையிலும் கொஞ்சம் ஆயில் விட்டு வைங்க. அப்படியே விட்டா போர் (பிஸ்டன் ஓடுற சிலிண்டர் துளை) துருப்பிடிக்கும்.

முள் இறங்கினதுக்குக் காரணம் இருக்கு. சென்சார் தண்ணியில முங்கியிருந்தாத்தான் சரியாக் காட்டும். தண்ணி போன பிறகு அது அளக்கறது சுத்தியிருக்கிற ஆவியை. அந்த நேரத்துல ஹெட் உலோகம் கொதிச்சுக்கிட்டே இருக்கும். தானா நின்ன இன்ஜின்ல பிஸ்டன் விரிஞ்சு போர்ல பிடிச்சிருக்குன்னுதான் முதல்ல நினைக்கணும். அதனால "கேஸ்கட் மட்டும்"னு பிரிக்காமலே சொல்றதை ஏத்துக்க முடியாது. பிரிக்காமலே "தூக்கிப் போடு"ன்னு சொல்றதும் அதே தப்புதான்.

பிரிக்கிறதுக்கு முன்னாடி குளோ பிளக் ஓட்டை வழியா கம்ப்ரெஷன் (சிலிண்டர்ல காத்து அமுங்குற அழுத்தம், பார் கணக்குல) எடுங்க. 20 பாருக்கு மேல இருக்கணும், சிலிண்டருக்குச் சிலிண்டர் 5 பாருக்கு மேல வித்தியாசம் கூடாது. அதே ஓட்டையில ஸ்கோப் கேமரா விட்டுப் போர் சுவரையும் பாருங்க.

ஹெட் கழட்டின பிறகு ஸ்ட்ரெயிட் எட்ஜ் (நேர் பட்டை), ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிசான தகடு) வெச்சு நீளவாக்குல, குறுக்க, மூலைக்கு மூலை அளக்கணும். 0.05 மி.மீ. ஃபீலர் நுழையலைன்னா நல்ல ஹெட். 0.10 தாண்டினா கவலைப்படணும். இது அலுமினிய ஹெட், மேல ரெண்டு கேம் ஷாஃப்ட் (வால்வைத் திறக்குற தண்டு) உட்காருது. ஹெட் வளைஞ்சா கேம் உட்கார்ற வரிசையும் சேர்ந்து வளையும். அடிப்பக்கத்தை மட்டும் ஃபேசிங் (சீவி மட்டமாக்கறது) போட்டா கீழ சமமாகும், மேல கோணல் அப்படியே நிக்கும். கேமை மேல பிடிக்கிற கேப் எல்லாத்தையும் டைட் பண்ணி, வால்வு இல்லாம கேமைக் கையால சுத்திப் பார்த்தா தெரிஞ்சிடும். ஃபேசிங் அதிகமாப் போட்டா வால்வு பிஸ்டனைத் தொடுற ஆபத்தும் உண்டு. இதோட, சுடுதண்ணித் தொட்டியில காத்தழுத்தம் கொடுத்து வெடிப்பு டெஸ்ட் கண்டிப்பா வேணும். குளிர்ந்த ஹெட்ல மூடியிருக்கிற வெடிப்பு சூட்டுலதான் திறக்கும். வால்வு சீட்டுகளுக்கு நடுவுல இருக்கிற மெல்லிசான பாலத்தைத்தான் முதல்ல பார்க்கணும்.

ஆயில் கூலரையும் தனியா பிரஷர் டெஸ்ட் பண்ணுங்க. அது உள்ள ஓட்டையா இருந்தாலும் ஆயிலும் தண்ணியும் கலக்கும்.

திருமயம் கோட்டை:
செகண்ட்ஸ் இன்ஜின் பக்கம் போறதா இருந்தா ரெண்டு விஷயம்.

ஒண்ணு, உங்க இன்ஜின் 1கேடி-எஃப்டிவி, 2982 சி.சி. பழைய இன்னோவாவில வர்றது 2கேடி, 2494 சி.சி. வெளிப் பார்வைக்கு ஒரே குடும்பம், ஆனா உங்களுக்கு ஆகாது. வாங்கறதுக்கு முன்னாடி கம்ப்ரெஷன் பாருங்க, சம்ப்பை (இன்ஜின் அடியில இருக்கிற ஆயில் தொட்டி) கழட்டி ஆயில் ஸ்ட்ரெயினரை (ஆயில் உறிஞ்சுற சல்லடை) பாருங்க. 1கேடியில இன்ஜெக்டர் அடியில இருக்கிற செம்பு வாஷர் கசிஞ்சா, எரிஞ்ச கேஸ் ஆயில்ல கலந்து கரி கட்டும், அந்தக் கரி ஸ்ட்ரெயினரை அடைக்கும், ஆயில் பிரஷர் போகும். ஸ்ட்ரெயினர்ல தார் மாதிரி ஒட்டியிருந்தா அந்த இன்ஜினை விட்டுடுங்க. நல்லதாத் தெரிஞ்சாலும் வண்டியில ஏத்தறதுக்கு முன்னாடியே டைமிங் பெல்ட், பின் கிராங்க் சீல், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், செம்பு வாஷர் எல்லாம் புதுசு போடுங்க.

ரெண்டாவது பேப்பர். இன்ஜின் நம்பர் மாறினா மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-ன் கீழ் ஆர்.சி.யில பதியணும். விக்கிறவர் பில்லும், அந்த இன்ஜின் வந்த வண்டியோட ஆர்.சி. நகலும் இல்லாம பணம் கொடுக்காதீங்க. திருட்டு வண்டி இன்ஜினா இல்லைன்னு எப்படி நிரூபிப்பீங்க? நம்பர் தேய்ச்சிருந்தா, மறுபடி குத்தியிருந்தா தொடவே தொடாதீங்க. ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல முன்கூட்டியே கேட்டுட்டு, இன்சூரன்ஸுக்கும் எழுத்துல தெரிவிங்க. இல்லைன்னா பின்னாடி கிளெய்ம் வரும்போது மாட்டிக்குவீங்க.

தேவகோட்டை ரஸ்தா:
ரொம்ப நன்றிண்ணே. பிரிச்சு மதுரை லேத்துல அளந்தாச்சு. கம்ப்ரெஷன் 26, 25, 15, 24 பார். ஹெட் மூலைக்கு மூலை 0.14 மி.மீ. பெண்ட், மூணாவது சிலிண்டர்ல ரெண்டு வால்வு சீட்டுக்கு நடுவுல வெடிப்பு. மூணாவது போர்ல நகம் மாட்டுற அளவு கோடு, அலுமினியம் அப்பியிருக்கு. மத்த மூணும் பார்வைக்குச் சுத்தம். கிராங்க் ஜர்னல் (பேரிங் உட்கார்ற இடம்) ஸ்டாண்டர்ட் அளவுலயே இருக்கு, பேரிங்ல மட்டும் செம்பு தெரியுது. ஆயில் கூலர் நல்லா இருக்கு. மூணாவது போருக்கு மட்டும் ஸ்லீவ் (போருக்குள்ள இறக்குற புதுக் குழாய்) போட்டா போதும்னு லேத்காரர் சொல்றார்.

காரைக்குடி டீசல்:
இப்ப தெளிவாயிடுச்சு சார். கிராங்கும் பிளாக்கும் பிழைச்சிருக்கு, இன்ஜின் மாத்தத் தேவையில்லை. ஹெட்டை வெல்டிங் வைக்காதீங்க, புதுசு வாங்குங்க. வெடிப்பும் பெண்டும் சேர்ந்து வந்த அலுமினியம் சூட்டுல மிருதுவாகியிருக்கும். போல்ட் இறுக்கம் அதுல நிக்காது.

ஒத்தை ஸ்லீவ் போடறது தப்பான வேலை இல்லை. ஆனா மத்த மூணு சிலிண்டரும் அதே சூட்டைத்தான் தாங்கியிருக்கு. ரிங்குகள் சூட்டுல விறைப்பு இழந்திருக்கும். இன்னைக்குக் கம்ப்ரெஷன் காட்டும், கொஞ்ச நாள்ல ஆயில் குடிக்கும், ஆயில் மூடியில புகை தள்ளும். இந்த பிளாக்ல தனி லைனர் கிடையாது, போர் 96 மி.மீ. நாலையும் 0.50 மி.மீ. ஓவர்சைஸ் (அகலமாக் குடைஞ்சு பெரிய பிஸ்டன் போடறது) எடுத்துடுங்க. பிஸ்டன் செட் கைக்கு வந்த பிறகுதான் போரிங். ஒவ்வொரு பிஸ்டனையும் மைக்ரோமீட்டர்ல அளந்து அந்தந்தப் போரை அதுக்கு ஏத்த மாதிரி முடிக்கணும். ஹோனிங் (போர் சுவரை உரசி முடிக்கிற வேலை) கோடு குறுக்கும் மறுக்குமா விழணும், கண்ணாடி மாதிரி வழவழப்பா விட்டா ரிங் உட்காராது.

லேத்துல இருந்து வந்த பிளாக்கை டீசல்ல மட்டும் கழுவினா போதாது. சுடுதண்ணி, சோப்பு, பிரஷ் போட்டுத் தேய்ச்சு, வெள்ளைத் துணியால துடைச்சா சாம்பல் கறை ஒட்டாத வரைக்கும் கழுவுங்க, உடனே ஆயில் தடவுங்க. பிஸ்டன் அடியில ஆயில் பீய்ச்சுற ஜெட் நாலும் வளையாம, அடைக்காம இருக்கணும். ஒண்ணு திரும்பியிருந்தாலும் அந்தப் பிஸ்டன் எரியும்.

பேரிங் எல்லாம் புதுசு. பிஸ்டன் பூட்டினதும் பிளாக் மட்டத்துக்கு மேல எவ்வளவு துருத்துதுன்னு டயல் கேஜ்ல நாலையும் அளந்து, அதுல அதிகபட்சத்துக்கு ஏத்த தடிமன் கேஸ்கட்டை எடுங்க. பழைய கேஸ்கட் தடிமனையே கேட்டு வாங்கறது இங்க நடக்கிற பெரிய தப்பு. ஹெட் போல்ட் புதுசு, ஓட்டைக்குள்ள ஆயிலோ தண்ணியோ நின்னா போல்ட் இறங்கும்போது அழுத்தத்துல பிளாக்கே வெடிக்கும். காத்தடிச்சுக் காய விட்டுட்டு, மேனுவல் வரிசைப்படி முதல்ல டார்க் (முறுக்கு விசை) வரைக்கும் இறுக்கி, அப்புறம் சொன்ன கோணம் திருப்புங்க.

இன்ஜெக்டரை டெஸ்ட் பெஞ்சுக்கு அனுப்புங்க. எந்த இன்ஜெக்டர் எந்த சிலிண்டர்ன்னு குறிச்சு வைங்க. இடம் மாறினாலோ புதுசு போட்டாலோ அதோட குறியீட்டு எண்ணை (கோட் நம்பர்) ஸ்கேனர் மூலமா வண்டி கம்ப்யூட்டர்ல எழுதணும்.

புதுவயல் 4×4:
ஹோஸ் பிஞ்சதை மட்டும் பார்த்துட்டு விட்டுடாதீங்க தம்பி. எங்க பக்கம் ரைஸ் மில் ரோட்டுல ஓடுற வண்டிக்கு உமித் தூசி ஏ.சி. கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல மெத்தையா அடைஞ்சிருக்கும். முன்னாடி இருந்து பார்த்தா தெரியாது. ரெண்டையும் பிரிச்சு, பின்பக்கத்துல இருந்து லேசான தண்ணி அழுத்தத்துல கழுவணும். விஸ்கஸ் ஃபேன் (சூடு ஏறினா வேகமாச் சுத்துற ரேடியேட்டர் ஃபேன்) சூட்டுல பிடிக்குதான்னு பாருங்க. ரேடியேட்டர் மூடி, மேல் கீழ் ஹோஸ், ஹீட்டர் ஹோஸ் எல்லாம் புதுசு. ஆயில் கலந்த தண்ணி ஓடின ரப்பர் ஊதிப் போயிருக்கும்.

போர்வெல் தண்ணி ஊத்தாதீங்க, உப்பு படியும். சம்பை ஊத்துத் தண்ணி குடிக்க எவ்வளவு இனிப்பா இருந்தாலும் ரேடியேட்டருக்கு வேண்டாம். டிஸ்டில்டு வாட்டரும் கூலண்டும் பாதிக்குப் பாதி, இல்லைன்னா கலந்தே வர்ற பிங்க் கூலண்ட். வண்டி மூக்கைக் கொஞ்சம் மேல ஏத்தி நிறுத்தி, ஹீட்டரைத் திறந்து வெச்சுக் காத்து எடுங்க.

ஹெட்ல போல்ட் போட்டு மாட்டுற தனி டெம்ப்பரேச்சர் அலாரம் கிடைக்குது. அது உலோகச் சூட்டை அளக்கறதால தண்ணி இல்லாட்டியும் கத்தும். டிரெய்லர் இழுக்கிற வண்டிக்கு இது கட்டாயம்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன்னாடி இன்ஜெக்டர் கனெக்டரைக் கழட்டிட்டு, ஆயில் லைட் அணையுற வரைக்கும் விட்டு விட்டு செல்ஃப் அடிங்க. முதல் 1,000 கி.மீ. டிரெய்லர் வேண்டாம், ஆனா ஐடிலிங்ல நிறுத்தியும் வைக்காதீங்க. லோடு மாறி மாறி வந்தாத்தான் ரிங் உட்காரும். 500 கி.மீ.ல ஆயிலும் ஃபில்டரும் மாத்திட்டு, அந்த ஃபில்டரையும் வெட்டிப் பாருங்க.