குதிரைத்திறனும் உச்ச வேகமும்: உறுப்பினர்களின் அனுபவங்கள்

பிரவுன்ஷ்வைக் வாசி எழுதியது:

ஜெர்மனியில் காருக்குத் தரப்படும் பதிவுச் சான்றிதழில், நம் ஊர் ஆர்சியில் காணக் கிடைக்காத ஒரு விவரம் உண்டு. பி.2 என்ற கட்டத்தில் எஞ்சினின் திறன் கிலோவாட்டில் இருக்கும். நான் சொல்லும் அந்த விவரம் டி என்ற கட்டத்தில் இருக்கும்: அந்தக் காரின் உச்ச வேகம். சென்ற பொங்கலுக்கு இங்குள்ள தமிழர்கள் மண்டபம் ஒன்றில் கூடியபோது, வாசலில் நின்றவற்றில் மூன்று கார்கள் ஏழாம் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் கோல்ஃபாக இருந்தன. ஃபோக்ஸ்வாகனின் தலைமையகமான வொல்ஃப்ஸ்பர்க் பக்கத்தில் இருக்கும் ஊரில் இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் மூன்றிலும் எஞ்சின் வேறு என்பதால், சாப்பாட்டுக்குக் காத்திருந்த நேரத்தில் மூன்று சான்றிதழ்களையும் ஒரே மேசையில் பரப்பிப் பார்த்தோம்.

என்னுடையது 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல்: 63 கிலோவாட், அதாவது 85 குதிரைத்திறன், உச்ச வேகம் மணிக்கு 179 கிலோமீட்டர். இரண்டாவது 1.4 லிட்டர்: 90 கிலோவாட், 122 குதிரைத்திறன், வேகம் 203. மூன்றாவது, கோல்ஃபின் வேக வகையான ஜிடிஐ: 162 கிலோவாட், 220 குதிரைத்திறன், வேகம் 246. எஞ்சின் இரண்டரை மடங்குக்கு மேல் வலுவாக இருந்தும், என் காரைவிட ஜிடிஐ 67 கிலோமீட்டர்தான் கூடுதலாக ஓடுகிறது என்பதை அதன் உரிமையாளர் முதலில் ஏற்கவே மறுத்தார். தன் சான்றிதழில் அச்சுப்பிழை இருக்க வேண்டும் என்று வாதிட்டார்.

அச்சுப்பிழை எதுவும் இல்லை. காற்றுத்தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. அந்தத் தடையைத் தள்ளிக்கொண்டு ஒவ்வொரு விநாடியும் முன்பைவிட அதிக தூரம் போக வேண்டியிருப்பதால், எஞ்சினிடம் கேட்கப்படும் திறன் வேகத்தின் கனத்துக்கு (அதாவது மும்மடிக்கு) ஏற்பக் கூடுகிறது. அந்த மேசையிலேயே கைப்பேசியில் கணக்குப் போட்டோம். 203-ஐ 179-ஆல் வகுத்துக் கனம் எடுத்தால் 1.46 வருகிறது, 122-ஐ 85-ஆல் வகுத்தால் 1.44. ஜிடிஐக்கு 246-ஐ 179-ஆல் வகுத்துக் கனம் எடுத்தால் 2.60; 220-ஐ 85-ஆல் வகுத்தால் 2.59. டயர் அகலம், எடை, கியர் விகிதம் என மூன்று கார்களுக்கும் இடையே சிறுசிறு வேறுபாடுகள் இருந்தும் கணக்கு இவ்வளவு நெருங்கி வரும் என்று நானே எதிர்பார்க்கவில்லை.

இதைச் சாலையிலும் உணர்ந்திருக்கிறேன். ஹனோவரை நோக்கிச் செல்லும் ஏ2 நெடுஞ்சாலையில், வேக வரம்பு இல்லாத பகுதியில், ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் சாலை காலியாக இருக்கும். நூறிலிருந்து நூற்று முப்பதுக்கு என் கார் தயக்கமின்றி ஏறும். நூற்று அறுபதைத் தாண்டியதும், ஆக்சிலரேட்டர் தரையோடு தரையாக அழுந்தியிருக்கும்போதே, ஒவ்வொரு கிலோமீட்டர் வேகத்தையும் கெஞ்சிக் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கும். கண்ணுக்குத் தெரியாத சிறு ஏற்றம் வந்தாலே 172-இல் நின்ற எண் 168-க்கு இறங்கிவிடும். நான் சொல்வது ஜிபிஎஸ் காட்டிய எண்; ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைக் குறைத்துக் காட்டக் கூடாது என்பது ஐரோப்பிய விதி என்பதால், அது எப்போதும் சற்றுக் கூட்டியே காட்டும்.

ஏ7 நெடுஞ்சாலையில் காசல் நகரை ஒட்டிய மலைப்பகுதியில் நிலைமை இன்னும் தெளிவாகத் தெரியும். ஆட்களோடும் பெட்டிகளோடும் 1,400 கிலோ எடையுள்ள கார், நூற்றுக்கு நான்கு என்ற ஏற்றத்தில் 170 கிலோமீட்டர் வேகத்தில் போக வேண்டுமானால், மேலே ஏறுவதற்கு மட்டும் ஏறத்தாழ 26 கிலோவாட் தேவை. இருப்பதே 63. மிச்சத்தை வைத்துக் காற்றோடு மல்லுக்கட்ட முடியாது என்பதால், மறுபேச்சில்லாமல் வலது தடத்துக்கு ஒதுங்கிவிடுவேன்.

உங்களில் யாருக்கேனும் இதுபோன்ற அனுபவம் இருந்தால் எழுதுங்கள். கேள்விப்பட்டதைவிட, நீங்களே ஓட்டியதும் அளந்ததும் எனக்குப் பயன்படும்.

சேலத்துக்காரர் எழுதியது:

நண்பரே, உங்கள் கணக்கை நான் பணம் கொடுத்துத் தெரிந்துகொண்டேன் என்று சொல்லலாம். என்னிடம் இருப்பது 1.3 லிட்டர் டீசல் ஹேட்ச்பேக்; 75 குதிரைத்திறன். எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியுவின் மென்பொருளை மாற்றி, அதாவது ரீமேப் செய்து தரும் கடை ஒன்றில், 95 வரை கொண்டுபோகலாம், வேகமும் அதே விகிதத்தில் கூடும் என்றார்கள். திறன் 27 சதவீதம் கூடினால் வேகமும் 27 சதவீதம் கூடும் என்பது அவர்கள் கணக்கு. கனமூலம் எடுத்துப் பார்த்தால் எட்டு சதவீதத்துக்கு மேல் தேறாது. கூட வந்திருந்த என் மகள் பதினொன்றாம் வகுப்பு; அவள்தான் இதைக் கடையிலேயே, அவர்கள் கொடுத்த விலைப்பட்டியலின் பின்பக்கத்தில் போட்டுக் காட்டினாள். கடைக்காரர் சிரித்துக்கொண்டே பேச்சை மைலேஜுக்கு மாற்றிவிட்டார்.

இருந்தாலும் ரீமேப் செய்துகொண்டேன்; அதில் எனக்கு வருத்தமும் இல்லை. நம் நாட்டில் விரைவுச் சாலையிலேயே காருக்கு 120 கிலோமீட்டர்தான் வரம்பு. 2019 ஜூலைக்குப் பிறகு வந்த கார்களில் 120-ஐத் தாண்டினால் எச்சரிக்கை ஒலி நிற்காமல் அடித்துக்கொண்டே இருக்கிறது. ஆகவே உச்ச வேகம் என்பது நமக்குக் காகிதத்தில் இருக்கும் எண் மட்டுமே. கூடுதல் திறனின் பயனை நான் வேறிடத்தில் கண்டேன். சேலத்திலிருந்து தருமபுரி நோக்கித் தொப்பூர் கணவாயில் ஏறும்போது, ஐந்து பேரும் ஏசியும் இருந்தால் முன்பு மூன்றாம் கியருக்கு இறங்கி லாரிகளின் பின்னாலேயே ஊர்ந்திருப்பேன். இப்போது நான்காம் கியரிலேயே ஏறிவிடுகிறது. காற்று பெரிதாகக் குறுக்கே நிற்காத அறுபது எழுபது கிலோமீட்டர் வேகத்தில், கூடுதலாகக் கிடைக்கும் இருபது குதிரைத்திறனில் பெரும்பகுதி ஏற்றத்துக்கும் முடுக்கத்துக்கும் மிஞ்சுகிறது. உச்ச வேகத்தை நெருங்கும்போதோ அதே இருபதைக் காற்றே விழுங்கிவிடுகிறது.

ஒரு சந்தேகம். ஐந்தாம் கியரில் உச்ச வேகம் கிடைக்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். என் மைத்துனரின் பழைய பெட்ரோல் கார் மட்டும் நான்காம் கியரில்தான் அதிக வேகம் எட்டும் என்று அவர் அடித்துச் சொல்கிறார். இது சாத்தியமா?

ஒரகடம் பொறியாளர் எழுதியது:

சேலத்து நண்பரின் மைத்துனர் சொல்வது முற்றிலும் சரி. எஞ்சினின் முழுத் திறன் குறிப்பிட்ட ஒரு ஆர்பிஎம்மில்தான் (நிமிடத்துக்கான சுழற்சி எண்ணிக்கையில்தான்) கிடைக்கும். மைலேஜுக்காக ஐந்தாம் கியரை நீளமாக, அதாவது அதே வேகத்தில் எஞ்சின் மெதுவாகச் சுழலும்படி, வைத்திருந்தால், அந்தக் கியரில் எஞ்சின் அந்த ஆர்பிஎம்மை எட்டுவதற்கு முன்பே காற்றுத்தடை அதைத் தடுத்து நிறுத்திவிடும். விளம்பரத்தில் போட்ட குதிரைத்திறனில் ஒரு பகுதி அங்கே பயன்படாமலே கிடக்கும். நான்காம் கியரில் உச்ச திறனுக்குரிய சுழற்சியும் உச்ச வேகமும் ஒன்றுக்கொன்று நெருங்கி அமைந்தால், அங்கேதான் கார் அதிக வேகம் எட்டும். ஐந்துக்கு மாற்றியதும் வேகம் மெல்ல இறங்கும்.

நான் கார் சோதனைப் பணியில் நெடுங்காலம் இருந்தவன். காற்றுத்தடையை நேரில் பார்க்க விரும்புகிறவர்களுக்கு எங்கள் பணியில் எளிய வழி ஒன்று உண்டு. அதைக் கோஸ்ட் டவுன் என்போம். நீளமான, சமதளமான சோதனைத் தடத்தில் காரை ஒரு வேகத்துக்குக் கொண்டுபோய், நியூட்ரலில் போட்டுவிட்டு, பிரேக்கைத் தொடாமல் அது தானாக வேகம் குறைவதை விநாடிக் கணக்கில் பதிவு செய்வோம். காற்று வீசும் நாளில் இதைச் செய்ய மாட்டோம். லேசாக வீசினாலும் அதன் தாக்கத்தைக் கழிப்பதற்காக, இரண்டு திசைகளிலும் ஓட்டிச் சராசரி எடுப்போம்.

ஒரு டன் எடையுள்ள சிறிய கார் 120-இலிருந்து 110-க்கு இறங்க ஐந்தாறு விநாடிதான் ஆகும். அதே கார் 40-இலிருந்து 30-க்கு இறங்கப் பதினேழு பதினெட்டு விநாடி எடுத்துக்கொள்ளும். இரண்டிலும் குறைவது பத்தே கிலோமீட்டர்தான். மேல் வேகத்தில் காரைப் பிடித்து இழுப்பது பெரும்பாலும் காற்று. கீழ் வேகத்தில் பெரும்பாலும் டயரின் உருளல் தடை. பக்கத்து இருக்கையில் அமர்ந்து நிறுத்தக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் புதிய பயிற்சியாளர்கள், முப்பதை எட்டும் நேரத்தில் பொறுமை இழந்து நெளியத் தொடங்குவார்கள்.

இவ்வாறு அளந்த எண்களிலிருந்து, எந்த வேகத்தில் எவ்வளவு திறன் தேவை என்று வளைகோடு வரையலாம். பிரவுன்ஷ்வைக் நண்பரின் காருக்குக் காற்றுத்தடைக் கெழு (உடல் வடிவம் காற்றை எவ்வளவு தடுக்கிறது என்பதைக் காட்டும் எண்) சுமார் 0.27, முகப்புப் பரப்பு சுமார் 2.2 சதுர மீட்டர் என்று கொண்டால், மணிக்கு நூறில் போக ஏறத்தாழ 12 கிலோவாட் போதும். அவருடைய எஞ்சினில் ஐந்தில் ஒரு பங்கு. 179-இல் போக, காற்றுக்கு மட்டுமே 43 கிலோவாட்டுக்கு மேல் வேண்டும். அதற்கு மேல் டயர்களுக்கும் கியர்பாக்ஸுக்கும் அவற்றின் பங்கைக் கொடுத்தால் 63 தீர்ந்துவிடும். திறன் வளைகோடும் தடை வளைகோடும் வெட்டிக்கொள்ளும் அந்தப் புள்ளிதான் அவருடைய சான்றிதழின் டி கட்டத்தில் அச்சாகியிருக்கிறது.

ஹாம்பர்க் மின்கார்காரர் எழுதியது:

என் அனுபவம் இதற்கு நேர் எதிர். என்னுடையது ஃபோக்ஸ்வாகனின் மின்சாரக் கார், ஐடி.3. மோட்டார் 150 கிலோவாட், 204 குதிரைத்திறன். பதிவுச் சான்றிதழில் உச்ச வேகமோ 160. அதாவது 85 குதிரைத்திறன் கோல்ஃப் என்னை ஏ7-இல் சாவகாசமாக முந்திச் செல்லலாம். சிக்னலில் இருவரும் சேர்ந்து புறப்பட்டால் அவர் என்னை நெருங்க முடியாது என்பது வேறு விஷயம்.

இங்கே வேகத்தை நிறுத்துவது காற்று அல்ல. மோட்டாருக்கு ஒரே கியர்தான்; வேகத்தையும் தயாரிப்பாளரே மின்னணு முறையில் பூட்டி வைத்திருக்கிறார்கள். 160-ஐ எட்டியதும் கார் திணறுவதில்லை, சத்தமும் மாறுவதில்லை. எண் மட்டும் அப்படியே நின்றுவிடுகிறது. பூட்டு இல்லாவிட்டாலும் அதைத் தாண்ட நான் துணிய மாட்டேன். 160-இல் பேட்டரிச் சதவீதம் இறங்குவதைப் பார்த்தாலே அடுத்த சார்ஜரைத் தேடும் எண்ணம் வந்துவிடும். ஆகவே குதிரைத்திறனை மட்டும் வைத்து உச்ச வேகத்தை ஊகிக்கும் பழக்கத்தை மின்கார்களிடம் காட்ட வேண்டாம்.

பிரவுன்ஷ்வைக் வாசி எழுதியது:

ஒரகடம் ஐயாவுக்கு மிக்க நன்றி. அந்த விநாடிக் கணக்கை இதுவரை எவரும் எனக்கு இப்படிச் சொன்னதில்லை.

பூட்டைப் பற்றிப் பேச்சு வந்ததால் டயர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பொங்கலன்று ஜிடிஐ நண்பரின் ஸ்டீயரிங்கின் பக்கத்தில் 210 என்று அச்சிட்ட ஒரு வட்டமான ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. குளிர்கால டயரின் வேகக் குறியீடு காரின் உச்ச வேகத்தைவிடக் குறைவாக இருந்தால், ஓட்டுநரின் கண்ணில் படும்படி இப்படி ஒட்டி வைக்க வேண்டும் என்பது இங்குள்ள விதி. அவர் வாங்கியது எச் குறியீடுள்ள டயர்; அதற்கு வரம்பு 210. எனவே பனிக்காலம் முழுவதும், 220 குதிரைத்திறன் இருந்தும், அவர் சட்டப்படி 210-ஐத் தாண்ட முடியாது.

இதே சிக்கல் பெரிய இடத்திலும் இருக்கிறது. 2005-இல் வந்த புகாட்டி வெய்ரான் 1,001 குதிரைத்திறனில் 407 கிலோமீட்டர் ஓடியது. வொல்ஃப்ஸ்பர்க்கில் ஃபோக்ஸ்வாகனின் கார் காட்சியகமான ஆட்டோஸ்டாட்டில் அந்தக் காரைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, நம் ஜிடிஐயை 407-க்குத் தள்ள எவ்வளவு தேவை என்று போட்டுப் பார்த்தேன்: 996. சந்தைக்குப் போய்க் காய்கறி ஏற்றி வரும் காரும் அந்தத் தாழ்ந்த ராட்சதனும் ஒரே கோட்டில் வருவது ஓரளவு தற்செயல்தான். ஆனாலும் பத்து ரேடியேட்டர்களுக்குக் காற்றை உள்ளே விட வேண்டியிருப்பதும், அகலமான டயர்களும் வெய்ரானின் தாழ்ந்த உடலால் கிடைத்த லாபத்தைத் தின்றுவிடுகின்றன என்பதே என் கருத்து. 2010-இல் அதன் சூப்பர் ஸ்போர்ட் வகை, இங்கிருந்து அதிக தூரமில்லாத எரா-லெசியன் சோதனைத் தடத்தில், 1,200 குதிரைத்திறனோடு 431 எட்டியது. இருநூறு குதிரைகளைக் கூட்டியதற்குக் கிடைத்தது 24 கிலோமீட்டர். அதுவும் வாங்கியவர்களுக்கு முழுதாகக் கிடைக்கவில்லை. டயர்களைக் காப்பதற்காக, விற்ற கார்களை 415-இல் பூட்டிவிட்டார்கள்.

2019-இல் அதே தடத்தில் 1,600 குதிரைத்திறன் கொண்ட புகாட்டியின் அடுத்த காரான சிரோன் 490 கிலோமீட்டரைத் தாண்டியது. வெய்ரான் சூப்பர் ஸ்போர்ட்டின் உடல் அமைப்போடு அந்த வேகத்துக்குக் கனக் கணக்குப்படி 1,760-க்கு மேல் தேவைப்பட்டிருக்கும். அந்த இடைவெளியைப் பெருமளவு நிரப்பியது எஞ்சின் அல்ல என்று நினைக்கிறேன். காற்று பிரிந்து சுழலாமல் நழுவிச் செல்வதற்காகக் காரின் வாலை 25 சென்டிமீட்டர் நீட்டியிருந்தார்கள், உடலையும் தாழ்த்தியிருந்தார்கள். ஒரகடம் ஐயா ஒன்றை மட்டும் கவனித்திருப்பார்: அந்த ஓட்டம் ஒரே திசையில் மட்டும் ஓடியது. இரண்டு திசைகளின் சராசரியைக் கேட்பவர்கள் அதை இன்றும் உலகச் சாதனை என்று ஏற்பதில்லை.