சளி ரிப்போர்ட்டில் ‘ஏடிபிகல் செல்ஸ்’ என்று வந்திருக்கிறது, புற்றுநோய்தானா?

வாணி:
அப்பாவுக்கு வயது 63. நாற்பது வருடமாகப் பீடி. மூன்று மாதமாக விடாத இருமல், போன வாரம் சளியில் ரத்தக் கோடு. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்றார்கள். ஆனால் சளி ரிப்போர்ட்டில் ‘ஏடிபிகல் ஸ்குவாமஸ் செல்ஸ்’ என்று இருக்கிறது. டாக்டரை வியாழக்கிழமைதான் பார்க்க முடியும். யாராவது விளக்குங்களேன்.

லேப் அக்கா:
வாணிம்மா, 22 வருடமாக ஸ்லைடு பார்க்கிறேன். ஏடிபிகல் என்றால் வழக்கத்துக்கு மாறியது, ஸ்குவாமஸ் என்றால் தட்டையான செல். அந்த வார்த்தை புற்றுநோய் என்று சொல்லவில்லை. ஆனால் விட்டுவிடக் கூடியதும் இல்லை.

வாயிலிருந்து வரும் சாதாரண செல், தோசை மேல் ஒற்றை மிளகு வைத்த மாதிரி இருக்கும். அகலமான செல், நடுவில் குட்டி உட்கரு. மாறிய செல்லில் அந்த மிளகு வீங்கிக் கறுத்து, ஓரம் கோணலாகி, செல்லில் பாதியை அடைத்துக்கொள்ளும். ஸ்குவாமஸ் புற்றுநோய் என்றால், ஸ்லைடில் செல்லுக்கு ஏற்றும் பாப் சாயத்தில் சில செல்கள் பளீரென்று ஆரஞ்சாக, தலைப்பிரட்டை போல வாலோடு கிடக்கும். உங்கள் ரிப்போர்ட் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

முருகேசன்:
என் மாமாவுக்கும் இதே வார்த்தைதான் வந்தது. கடைசியில் டிபி. ஆறு மாத மாத்திரையில் சரியாகிவிட்டது. எக்ஸ்ரேதான் சுத்தமாக இருக்கிறதே, பயப்படாதீர்கள்.

லேப் அக்கா:
டிபியும் நிமோனியாவும் செல்லை இப்படிக் காட்டும், உண்மைதான் தம்பி. ஆனால் எக்ஸ்ரேயை நம்பி உட்காரக் கூடாது. ஒருமுறை மூன்று ஸ்லைடில் ஒன்றில் மட்டும் நாலைந்து ஆரஞ்சு செல்கள் பார்த்தேன். அவருக்கும் எக்ஸ்ரே சுத்தம். மூச்சுக்குழாய்க்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் பிராங்காஸ்கோப்பியில், சுவரில் ஒரு சிவந்த திட்டு, அவ்வளவுதான். ஆரம்பக் கட்டம். ஆபரேஷன் முடிந்து இன்றும் நடமாடுகிறார்.

வாணி, சி.டி. ஸ்கேனும் பிராங்காஸ்கோப்பியும் வேண்டுமா என்று டாக்டரிடம் நீங்களே கேளுங்கள். சளியை மறுபடி கேட்டால் மூன்று நாள், காலையில் எழுந்ததும், வாய் கொப்பளித்துவிட்டு நெஞ்சிலிருந்து இருமி எடுக்க வேண்டும். தூசி விழுங்கிய மேக்ரோஃபேஜ் என்ற துப்புரவு செல்கள் ஸ்லைடில் இருந்தால்தான் அது நுரையீரல் சளி. இல்லையென்றால் வெறும் எச்சில்.

வாணி:
அக்கா, மூன்றிலும் ஒன்றும் வரவில்லை என்றால் நிம்மதியாக இருக்கலாமா?

லேப் அக்கா:
இல்லைம்மா. நுரையீரலின் ஓரத்தில் வளரும் அடினோகார்சினோமா என்ற இன்னொரு வகைப் புற்றுநோய் பெரும்பாலும் சளியில் செல்லை உதிர்க்காது. அதற்குத்தான் சி.டி. அதிகம் புகைத்தவர்களிடம் குறைந்த கதிர்வீச்சு சி.டி. எடுத்துப் பார்த்ததில், எக்ஸ்ரேயைவிட நுரையீரல் புற்றுநோய் மரணம் 20 சதவீதம் குறைந்தது என்று 2011-இல் அமெரிக்க ஆய்வு ஒன்று வந்தது. திரும்ப ரத்தம் வந்தால் வியாழன் வரை காத்திருக்காதீர்கள், அன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்கள்.