ஈஃபுட்பால்: அணி பலம் 3100-ஐத் தாண்டியும் 2800 அணிகளிடம் தோற்கிறேன், எங்கே கோளாறு?

வைகைக்கரை:
வணக்கம் நண்பர்களே. மொபைலில் ஈஃபுட்பால் என்ற கால்பந்து கேம் ஆடுகிறேன். என் அணி பலம், அதாவது என்னிடம் உள்ள வீரர் கார்டுகளை வைத்து கேம் காட்டும் நம்பர், இப்போது 3100-ஐத் தாண்டிவிட்டது. பாதி அணி பழைய ஜாம்பவான்களின் எபிக் கார்டுதான், முன்னால் ரும்மெனிகே, நடுவில் குல்லிட், பின்னால் புயோல். டிவிஷன் 4 வரைக்கும் சரசரவென்று ஏறினேன், அங்கே வந்து சேர்ந்ததிலிருந்து ஏறுவதும் இறங்குவதுமாகவே இருக்கிறது. இதில் எரிச்சல் என்னவென்றால், எதிரே வருகிறவர்களின் பலத்தைப் பார்த்தால் 2800, 2850 என்றுதான் காட்டும், அதிலும் பாதிப் பேர் நான் கேள்வியே படாத ஆட்கள், ஆனால் 3-1, 4-2 என்று அடித்துவிட்டுப் போகிறார்கள். நெட் பிரச்சினை இல்லை. ஃபார்மேஷன் 4-2-1-3, அணியின் பாணி பொசஷன் கேம், பந்தைக் கையில் வைத்துப் பாஸ் போட்டு ஆடுவது. இந்த நம்பருக்கு அர்த்தம்தான் என்ன? இன்னும் கார்டு சேர்க்க வேண்டுமா, செட்டிங்கில் எதையாவது மாற்ற வேண்டுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சுண்டல்வண்டி:
கார்டு மட்டும் போதாது ப்ரோ, கூடவே நல்ல கட்டைவிரல் இரண்டும் வேண்டும். எந்தக் கடையில் கிடைக்கிறது என்று தெரிந்தால் எனக்கும் ஒரு ஜோடி சொல்லி வையுங்கள்.

கணக்குவாத்தி:
சிரிப்பு ஒருபக்கம் இருக்கட்டும், அவர் சொன்னதில்தான் பதிலும் இருக்கிறது. தம்பி, டிவிஷன் ஏறுவதற்குக் கணக்கு வெற்றி தோல்வி மட்டும்தான். நீங்கள் ஜெயித்தது கார்டாலா கையாலா என்று அது பார்ப்பதில்லை, இரண்டையும் கூட்டித்தான் ஒரு இடத்தில் உட்கார வைக்கிறது. அப்படியானால் டிவிஷன் 4-ல் உங்களுக்குச் சமமாக உட்கார்ந்திருக்கும் ஒருவர் 2800 அணியோடு அங்கே வந்திருக்கிறார் என்றால் என்ன அர்த்தம்? கார்டில் குறைந்ததை அவர் கையால் ஈடுகட்டியிருக்கிறார். எதிராளியின் அணி உங்களுடையதைவிட பலவீனமாகத் தெரிகிறதா, அவர் உங்களைவிட நன்றாக ஆடுகிறவர் என்று எடுத்துக்கொண்டே ஆட்டத்தைத் தொடங்குங்கள். எனக்கு 3200 அணிகளைப் பார்த்தால் பயமில்லை, 2700-ஐப் பார்த்தால்தான் நிமிர்ந்து உட்காருவேன்.

செஸ்ஸில் இந்தக் குழப்பம் வராது, காரணம் இரண்டு பேருக்கும் அதே பதினாறு காய்கள். அர்பாட் ஈலோ என்ற இயற்பியல் பேராசிரியர் போட்ட கணக்கு அது, உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே 1970-ல் எடுத்துக்கொண்டது. 400 புள்ளி வித்தியாசம் என்றால் பெரியவருக்குப் பதினொரு ஆட்டத்தில் பத்துப் புள்ளி கிடைக்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்லும். ஆன்லைன் ஆட்டங்களில் ஆள் சேர்க்கும் முறைகள் பலவும் இதன் பேரப்பிள்ளைகள்தான். ராக்கெட் லீக்கும் ஏறக்குறைய இப்படித்தான், எந்தக் காரை எடுத்தாலும் வேகம் ஒன்று, தாவல் ஒன்று, அதனால் அங்கே ரேங்க் என்றால் அது ஆளைப் பற்றியது. உங்கள் 3100 உங்களைப் பற்றிய நம்பரே அல்ல. அது உங்கள் கிட்டங்கியில் இருக்கும் சரக்கின் மதிப்பு.

வைகைக்கரை:
அண்ணா, கொஞ்சம் வலித்தது, ஆனால் புரிகிறது. அப்படியே இருந்தாலும் 3100 கொஞ்சமாவது உதவ வேண்டாமா? புயோல் ஏன் ஒரு சாதாரண கார்டு விங்கரிடம் ஏமாறுகிறார்?

பழைய ஜாய்ஸ்டிக்:
ஒரு கார்டின் மொத்த மதிப்பெண் என்பது ஒரு சராசரி, அதுவும் இடத்துக்கு இடம் எடை மாறுகிற சராசரி. உங்கள் கேம் கம்பெனி வேறு, ஆனால் கணக்கு போடும் விதத்துக்கு ஃபிஃபா 21-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதில் நடுக்கள ஆள் புஸ்கெட்ஸ் 87, விங்கர் அடாமா டிராவோரே 79. எட்டு புள்ளி இடைவெளி. ஆனால் வேகத்தை மட்டும் பார்த்தால் டிராவோரே 96, எம்பாப்பேவுக்கும் அதே 96, புஸ்கெட்ஸ் 50-ஐக்கூடத் தொடமாட்டார். நடுக்கள ஆளுக்கு வேகத்தை அவ்வளவாகக் கணக்கில் சேர்ப்பதில்லை, பாஸும் கட்டுப்பாடும்தான் பார்ப்பார்கள், அதனால் அவர் 87. நிஜத்தில் பார்த்தாலும் அது நியாயம்தான், புஸ்கெட்ஸ் ஓடியா ஜெயித்தார்? எங்கே நிற்க வேண்டும் என்பது அவர் தலையில் இருந்தது. கேமில் அந்தத் தலைக்குப் பதில் உங்கள் தலை. அவரை வாங்கிவிட்டு, பந்தைப் பார்த்ததும் துரத்திக்கொண்டு ஓடினால், நீங்கள் பயன்படுத்துவது அந்த 50-க்குக் கீழான நம்பரை மட்டும்தான், 87 பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்.

அதனால் கார்டில் பெரிதாகப் போட்டிருக்கும் நம்பரை விட்டுவிட்டு உள்ளே திறந்து பாருங்கள். முடுக்கம், பேலன்ஸ், பலவீனமான காலை எவ்வளவு பயன்படுத்துவார், உயரம். உங்கள் எதிராளி அந்தச் 'சாதாரண' விங்கரை இதையெல்லாம் பார்த்துத்தான் எடுத்திருப்பார்.

ரெட்கார்டு ராணி:
வைகைக்கரை, மூன்று விஷயம் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள். ஒன்று, கேம் பிளானில் ஒவ்வொரு ஆளையும் தொட்டு அவருடைய ஆட்ட பாணி வெள்ளையாகத் தெரிகிறதா மங்கலாகத் தெரிகிறதா என்று பாருங்கள். மங்கலாக இருந்தால் அந்த இடத்தில் அந்தப் பாணி வேலை செய்யாது. ஆங்கர் மேன், அதாவது பின்னால் நின்று தடுக்கும் பாணி உள்ள ஒருவரை டிஃபென்சிவ் மிட்ஃபீல்டை விட்டு சென்ட்ரல் மிட்ஃபீல்டில் நிறுத்தினால் மங்கிவிடும். மதிப்பெண் அப்படியே கம்பீரமாகக் காட்டும், ஆள் மட்டும் என்ன செய்வதென்று தெரியாமல் சும்மா உலாத்துவார். இரண்டு, உங்கள் மேனேஜருக்குப் பொசஷன் கேமில் எத்தனை தேர்ச்சி? மூன்று, லெவல் ஏற்றியபோது புள்ளிகளைத் தானாகப் பங்கிடும் பட்டனை அழுத்தினீர்களா, கையால் போட்டீர்களா? கையால் போட்டால் மொத்தத்தில் ஒன்றிரண்டு குறையலாம், குறையட்டும். ஸ்ட்ரைக்கருக்கு எனக்குத் தேவை முதல் அடியும் ஷாட்டும்தான், ஹெட்டரில் போட்டு என்ன செய்யப் போகிறேன், நான் கிராஸே அடிப்பதில்லை.

ஆட்டம் தொடங்கும் முன், ஆளின் அன்றைய ஃபார்மைக் காட்டும் அம்புக்குறியையும் பாருங்கள். அம்பு கீழே பார்க்கும் எபிக்கைவிட மேலே பார்க்கும் சாதாரண கார்டு அன்றைக்கு நன்றாக ஆடும்.

வைகைக்கரை:
பார்த்தேன் அக்கா. மங்கலாக இருப்பவர்கள் இரண்டு பேர். டபுள் பிவோட்டில், அதாவது டிஃபென்ஸுக்கு முன்னால் நிற்கும் இரண்டு பேரில் ஒருவர், அப்புறம் மதிப்பெண் அதிகம் என்று சென்டர் ஃபார்வர்டில் நிறுத்திய ஒரு ஹோல் பிளேயர், நடுவிலிருந்து முன்னே ஓடிவரும் பாணிக்காரர். மேனேஜர் குயிக் கவுண்டர் ஆள், பந்தைப் பறித்ததும் வேகமாகப் பாயும் பாணி, பொசஷனில் ரொம்பக் குறைவு. புள்ளி எல்லாம் தானாகப் போட்டதுதான்.

கோல்லைன்:
எல்லோரும் ஒரேயடியாக விரல் விரல் என்கிறீர்கள், கொஞ்சம் நியாயமாகப் பேசலாம். கார்டு முக்கியம்தான். சமமான கை இரண்டு மோதினால் நல்ல கார்டு ஜெயிக்கும், அதற்காகத்தானே ஜனங்கள் காயின் வாங்குகிறார்கள். கார்டால் ஒன்றும் ஆவதில்லை என்றால் ஜெர்மனியின் விர்ச்சுவல் புண்டஸ்லிகா என்ற ஃபிஃபா கேம் கிளப் போட்டியில் எல்லா வீரர்களின் மதிப்பெண்ணையும் 85-க்குச் சமப்படுத்தி ஆட விட்டது எதற்கு? பேயர்ன் எடுத்தவனுக்கும் சின்ன கிளப் எடுத்தவனுக்கும் இருக்கும் இடைவெளி ஆட்டத்தைக் கெடுக்கும் என்பதால்தான். அப்புறம் இன்னொன்று, ஜெயிக்க வேண்டியவனை கேமே தோற்கடிக்கிறது என்று பல பேர் சொல்கிறார்களே, அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

கணக்குவாத்தி:
85 பற்றிச் சொன்னது சரி, நானும் கார்டு வீண் என்று சொல்லவில்லை, கூட்டுத்தொகை என்றுதான் சொன்னேன். இரண்டாவது பேச்சு வேண்டாமே. ஃபிஃபா கேமைச் செய்த இஏ ஸ்போர்ட்ஸ் மீது இதே சந்தேகத்தில் 2020 நவம்பரில் கலிஃபோர்னியாவில் வழக்கே போட்டார்கள், ஆட்டத்தின் கடினத்தை ரகசியமாக மாற்றுகிறார்கள் என்று. ஆன்லைன் ஆட்டங்களில் அப்படி எதுவும் கிடையாது என்பது கம்பெனியின் பதில். பொறியாளர்களோடு பேச வைத்தார்கள், 2021-ல் வழக்கு போட்டவர்களே வாபஸ் வாங்கிக்கொண்டார்கள். அது வேறு கேம், ஆனால் இந்த மாதிரிப் புகார் எங்கே வந்தாலும் முதலில் ரீப்ளேயை ஒருதரம் போட்டுப் பார்ப்பேன். கோல் விழுந்த இடத்தில் அல்ல, அதற்குப் பத்து விநாடி முன்னால்.

ரெட்கார்டு ராணி:
அதேதான். வைகைக்கரை, புயோல் ஏமாந்த அந்த கோலின் ரீப்ளே இருக்கிறதா? பந்து வருவதற்கு முன் அவர் எங்கே நின்றார்?

வைகைக்கரை:
இருக்கிறது, இப்போதுதான் பார்த்தேன். எதிராளியின் மிட்ஃபீல்டரிடம் பந்து இருக்கிறது, நான் புயோலை எடுத்து பிரஷர் பட்டனும் டாஷும் சேர்த்து அழுத்தி முன்னே கொண்டுவருகிறேன். அவர் விட்டுப்போன இடத்தில் ஒரு த்ரூ பால், பின்னால் இருக்கும் காலி இடத்துக்கு ஒரு பாஸ், விங்கர் உள்ளே வெட்டி வந்து அடித்துவிட்டார்.

ரெட்கார்டு ராணி:
அப்படியானால் அந்த விங்கரை புயோல் தொடவே இல்லை, அவர் வீட்டைத் திறந்து போட்டுவிட்டு வெளியே போய்விட்டார். புயோல் மாதிரி நடுவில் தடுக்கும் சென்டர் பேக்கை முடிந்தவரை கம்ப்யூட்டரிடமே விடுங்கள். பந்து நடுவில் இருக்கும்போது டிஃபென்சிவ் மிட்ஃபீல்டரை எடுங்கள், டாஷை விடுங்கள், எதிராளியை முகம் பார்த்து நிற்க வைக்கும் மேட்ச்-அப் பட்டனைப் பிடித்துக்கொண்டு பந்துக்கும் கோலுக்கும் நடுவில் நில்லுங்கள். பறிக்கவே வேண்டாம். பாஸ் போகிற வழியை அடைத்தால் போதும், அவராகவே அவசரப்பட்டுக் கொடுப்பார். 2800 ஆட்கள் உங்களிடம் காத்திருப்பது எதற்கு என்றால், நீங்கள் எப்போது சென்டர் பேக்கோடு பாய்வீர்கள் என்பதற்குத்தான்.

வைகைக்கரை:
சரி அக்கா. முதலில் குயிக் கவுண்டருக்கு மாறவா, இல்லை மேனேஜரை மாற்றவா?

பழைய ஜாய்ஸ்டிக்:
குயிக் கவுண்டருக்கு மாறுங்கள், காசு மிச்சம். ஹோல் பிளேயரை அட்டாக்கிங் மிட்ஃபீல்டுக்கு இறக்கிவிட்டு நிஜ சென்டர் ஃபார்வர்ட் ஒருவரை மேலே போடுங்கள், மதிப்பெண் குறைந்தவராக இருந்தாலும் சரி. பிவோட்டில் மங்கிய ஆளை உட்கார வையுங்கள். அணி பலம் 3050 பக்கம் வந்து நிற்கும், பதறிப்போய்ப் பழையபடி மாற்றிவிடாதீர்கள்.

சுண்டல்வண்டி:
அப்படியே அந்த ரும்மெனிகேவுக்கு அம்பு மேலே பார்க்கும் நாளில் என்னோடு ஒரு ஃப்ரெண்ட் மேட்ச். என் அணி 2790. கணக்குவாத்தி சொன்னபடி நீங்கள் பயந்துகொண்டே வரலாம்.