ஸ்விங்கில் எழுதிய நில அளவை மென்பொருளை ஆண்ட்ராய்டுக்குக் கொண்டுபோவது எப்படி?

கேள்வி: சங்கிலிக்காரன்

அனைவருக்கும் வணக்கம்.

தனியார் நில அளவையாளர்கள் சிலருக்காக ஜாவாவில் எழுதப்பட்ட கணினி மென்பொருள் ஒன்றைப் பல ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். டோட்டல் ஸ்டேஷன் கருவியிலிருந்து வரும் ஆயத்தொலைவுகளை வாங்கி எல்லைக்கோடுகளை வரைவது, பரப்பைச் சதுர மீட்டரிலும் சென்ட்டிலும் கணக்கிடுவது, உட்பிரிவின்போது கேட்ட பரப்புக்கு ஏற்ற வெட்டுக்கோட்டைக் கண்டுபிடிப்பது, முடிவில் 1:1000 அளவில் வரைபடமாக அச்சிடுவது ஆகியவை அதன் வேலைகள். திரை முழுவதும் ஜாவாவின் திரைக்கூறு நூலகமான ஸ்விங்கில் அமைந்தது. வரைபடம் கிராஃபிக்ஸ்2டி வழியாக வரையப்படுகிறது. வாடிக்கையாளர் விவரங்கள் ஜாவாவின் தரவுத்தள இணைப்பான ஜேடிபிசி மூலம் எஸ்க்யூலைட் தரவுத்தளத்தில் இருக்கின்றன. ஒவ்வொரு பணியும், ஜாவா பொருள்களை அப்படியே கோப்பில் எழுதும் ஆப்ஜெக்ட்அவுட்புட்ஸ்ட்ரீம் கொண்டு, ஒரே கோப்பாகச் சேமிக்கப்படுகிறது.

வயலில் நின்றபடியே உட்பிரிவைப் போட்டுப் பார்க்க வேண்டும், அதற்கு மடிக்கணினி ஒத்துவராது, டேப்லெட்டில் ஓடும்படி செய்து தாருங்கள் என்று பயனர்கள் கேட்கிறார்கள். ஆண்ட்ராய்டும் ஜாவாதானே, தொகுத்த நிரல் அடங்கிய ஜார் கோப்பை அப்படியே உள்ளே வைக்க முடியாதா? ஸ்விங் திரைகளைத் தானாக மாற்றித் தரும் கருவி உண்டா? இரண்டையும் தனித்தனியாக எழுதினால் பரப்புக் கணக்கில் ஒரு திருத்தம் வரும்போது இரண்டு இடங்களில் திருத்த வேண்டியிருக்கும் என்பதுதான் என் பெரிய அச்சம்.

பதில்: மின்மினி

வணக்கம் ஐயா. ஆண்ட்ராய்டில் இருப்பது ஜாவா மொழி; கணினியில் ஜாவா நிரலை இயக்கும் ஜேவிஎம் இல்லை. நீங்கள் தொகுத்து வைத்திருக்கும் பைட்கோடை டி8 என்ற கருவி டெக்ஸ் வடிவத்துக்கு மாற்றுகிறது. அதை இயக்குவது ஏஆர்டி என்ற ஆண்ட்ராய்டின் இயக்கச் சூழல். 2014இல் வந்த ஆண்ட்ராய்டு 5.0இல் டால்விக் என்ற பழைய இயக்கச் சூழலை நீக்கிவிட்டு அது அந்த இடத்துக்கு வந்தது. இந்த மாற்றம் பெரும்பாலும் தொல்லை தராது. லாம்டா போன்ற புதிய மொழிக்கூறுகளையும் டி8 பழைய கருவிகளுக்கு ஏற்ப மாற்றிக் கொடுத்துவிடும்.

சிக்கல் மொழியில் அல்ல, நூலகத்தில் இருக்கிறது. ஜாவா.யூடில், ஜாவா.ஐஓ, ஜாவா.நெட், ஜாவா.மேத் எல்லாம் அங்கே உண்டு. ஜாவாஎக்ஸ்.ஸ்விங் இல்லை, வரைகலைக்கான ஜாவா.ஏடபிள்யூடி அநேகமாக முழுவதுமே இல்லை, ஜாவாஎக்ஸ்.பிரிண்ட், இமேஜ்ஐஓ ஆகியவையும் இல்லை. ஆகவே ஜார் கோப்பை அப்படியே சேர்த்தால் தொகுக்கும்போதோ ஓடும்போதோ நின்றுவிடும். திரைகளைத் தானாக மாற்றித் தரும் நம்பத்தக்க கருவி எதுவும் இல்லை. அப்படி ஒன்று கிடைத்தாலும் வாங்காதீர்கள். சுட்டியை நம்பி வடிவமைத்த திரை வெயிலில் நின்று விரலால் தொடுபவருக்கு உதவாது.

உங்கள் அச்சத்துக்கு மருந்து, நிரலை கிரேடில் என்ற தொகுப்புக் கருவியில் மூன்று மாட்யூல்களாகப் பிரிப்பது. கணக்கு மட்டும் ஒன்றில், ஸ்விங் ஒன்றில், ஆண்ட்ராய்டு ஒன்றில். பின்னிரண்டும் முதலாவதைச் சார்ந்திருக்கும். முதலாவது எதையும் சாராது. கணக்கு நிரல் ஏற்கெனவே தனியாகத்தான் இருக்கிறது என்று எல்லோரும் நினைப்பார்கள். அதைச் சோதித்துப் பார்க்க ஜேடிகேயுடன் வரும் ஜேடெப்ஸ் கருவியை உங்கள் ஜார் மீது ஓட்டுங்கள். எந்த க்ளாஸ் எந்தப் பேக்கேஜைத் தொடுகிறது என்று காட்டிவிடும். இன்னும் கறாரான வழி ஒன்று உண்டு: கணக்கு மாட்யூலைத் தொகுக்கும்போது ஜாவாக் என்ற தொகுப்பிக்குக் கொடுக்கும் லிமிட்-மாட்யூல்ஸ் தெரிவில் ஜாவா.பேஸ் மட்டும் கொடுங்கள். ஜாவா.டெஸ்க்டாப் கண்ணில் படாததால், திரையோடு ஒட்டிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு வரியும் பிழையாக வெளிப்படும். உங்கள் நிரலில் பாயின்ட்2டி, பாத்2டி, அஃபைன்ட்ரான்ஸ்ஃபார்ம் ஆகிய மூன்றும் அப்படி மாட்டும் என்று பந்தயம் கட்டத் தயார். அவை வெறும் கணித வடிவங்கள்தாம், ஆனாலும் ஜாவா.ஏடபிள்யூடி.ஜியோம் பேக்கேஜில் பிறந்துவிட்ட ஒரே காரணத்தால் ஆண்ட்ராய்டுக்குள் வர முடியாது.

பதில்: வடகரை நிரலர்

மேலே சொன்னது சரியே என்றாலும், எல்லாவற்றையும் பிரித்து எழுதித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. ஜாவாவின் மற்றொரு திரை நூலகமான ஜாவாஎஃப்எக்ஸுக்கு மாறினால், குளுவான் நிறுவனத்தின் கருவி அதை கிரால்விஎம் வழியாக இயற்செயலியாகத் தொகுத்து ஆண்ட்ராய்டிலும் ஐஃபோனிலும் ஓட வைக்கிறது. கோட்நேம் ஒன் என்ற கட்டமைப்பின் திரைக்கூறுகள் ஸ்விங் பழகியவர்களுக்கு அந்நியமாகத் தோன்றாது. இவை எதுவும் வேண்டாமென்றால், ஆண்ட்ராய்டில் கட்டளைத் திரை தரும் டெர்மக்ஸ் செயலியில் ஓபன்ஜேடிகேயை நிறுவி, டெர்மக்ஸ்:எக்ஸ்11 துணையோடு ஸ்விங் மென்பொருளை ஒரு வரிகூட மாற்றாமல் ஓட்டிவிடலாம். மைன்கிராஃப்டின் ஜாவா பதிப்பை ஃபோனில் ஓட்டும் போஜாவ்லாஞ்சர் செய்வதும் ஏறத்தாழ இதுதான்: ஆண்ட்ராய்டுக்காகக் கட்டிய முழு ஜேவிஎம்மைச் செயலிக்குள்ளேயே சுமந்து செல்கிறது. பயனர்கள் கொஞ்சம் பேர்தான் என்றால் இதையும் யோசிக்கலாம்.

பதில்: மின்மினி

டெர்மக்ஸ் உங்களுக்கும் எனக்கும் சரி. வரப்பின் மேல் நிற்கும் அளவையாளரிடம் கட்டளைத் திரையைத் திறக்கச் சொல்ல முடியாது. மைன்கிராஃப்டை எடுத்துக்காட்டாகச் சொன்னீர்கள். அதை உருவாக்கியவர்களே ஃபோனுக்கு ஜாவாவை விட்டுவிட்டு சி++இல் வேறு பதிப்பு எழுதினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஜாவாஎஃப்எக்ஸ் வழி தவறில்லை. ஆனால் இவருடைய திரைகள் ஸ்விங்கில் இருப்பதால் அங்கேயும் எல்லாத் திரையையும் புதிதாக எழுதியாக வேண்டும். எழுதுவதென்று ஆகிவிட்டால் ஆண்ட்ராய்டின் சொந்தத் திரைக்கூறுகளிலேயே எழுதிவிடலாம் என்பது என் கருத்து.

பதில்: கோணமானி

வரைபடம் பற்றி யாரும் பேசாததால் சொல்கிறேன். ஜியோஜீப்ரா கணித மென்பொருளின் மூல நிரலைத் திறந்து பாருங்கள். ஜாவா மேசைக்கணினிப் பதிப்புக்கும் வலைப்பதிப்புக்கும் பொதுவான பகுதியில் ஜிகலர், ஜிஃபான்ட், ஜிகிராஃபிக்ஸ்2டி என்று ஏடபிள்யூடி பெயர்களைப் போலவே தங்களுடைய சொந்த வகைகளை வைத்திருக்கிறார்கள். பொது நிரல் அவற்றை மட்டுமே அறியும். ஒவ்வொரு தளமும் தன் முறைப்படி அவற்றை நிறைவேற்றித் தரும். நீங்களும் அதையே சிறிய அளவில் செய்யலாம்: கோடு வரை, பலகோணம் நிரப்பு, எழுத்து எழுது, வெட்டுப்பகுதி அமை என்ற நான்கைந்து செயல்கள் கொண்ட இடைமுகம் ஒன்று போதும். ஸ்விங்கில் அதன் பின்னால் கிராஃபிக்ஸ்2டி இருக்கும், ஆண்ட்ராய்டில் கேன்வாஸ் இருக்கும்.

ஆனால் நில அளவை நிரலுக்கு மட்டுமே உரிய ஒரு பொறி இங்கே இருக்கிறது. பாத்2டி.டபுளும் அஃபைன்ட்ரான்ஸ்ஃபார்மும் இரட்டைத் துல்லிய எண்களில் இயங்குபவை. ஆண்ட்ராய்டின் பாத், மேட்ரிக்ஸ், கேன்வாஸ் மூன்றும் ஃப்ளோட் எனும் ஒற்றைத் துல்லிய எண்களை மட்டுமே வாங்குகின்றன. சென்னைப் பகுதியில் யூடிஎம் எனும் வரைபட ஆயமுறையில் வடக்குத் தொலைவு 14 லட்சம் மீட்டருக்கு மேல் வரும். ஃப்ளோட்டின் துல்லியம் 24 பிட்டுகள். 10,48,576க்கும் 20,97,152க்கும் இடையில் அடுத்தடுத்த இரண்டு ஃப்ளோட் எண்களுக்கு நடுவே உள்ள இடைவெளி 0.125. அதாவது ஆயத்தொலைவுகளை அப்படியே பாத்தில் போட்டால் ஒவ்வொரு எல்லைக்கல்லும் பன்னிரண்டரை சென்டிமீட்டர் கட்டங்களில் ஒன்றுக்கு நகர்ந்துவிடும். சிறிய படத்தில் கண்ணுக்குத் தெரியாது. மூலையைப் பெரிதாக்கிப் பார்க்கும்போது நேர்க்கோடுகள் பல்வரிசை போல நெளியும், சுவரும் எல்லையும் ஒட்டாமல் நிற்கும்.

வழி எளிது. புலத்தின் ஒரு மூலையை ஆதிப்புள்ளியாகக் கொண்டு, கழித்தலையும் பெரிதாக்கலையும் இரட்டைத் துல்லிய டபுளிலேயே முடித்துவிட்டு, திரைப் புள்ளிகளாக வந்த பிறகே ஃப்ளோட்டுக்கு மாற்றுங்கள். உருமாற்றத்தை மேட்ரிக்ஸிடம் ஒப்படைக்காமல் உங்கள் கணக்கு மாட்யூலிலேயே வைத்துக்கொண்டால், தொட்ட இடத்துக்கு அருகிலுள்ள கல் எது என்று கண்டுபிடிக்கும் நிரலும் இரண்டு தளங்களுக்கும் பொதுவாகிவிடும்.

சங்கிலிக்காரன்

மிக்க நன்றி. லிமிட்-மாட்யூல்ஸ் சோதனையைச் செய்து பார்த்தேன். மின்மினி பந்தயத்தில் வென்றுவிட்டார். பாயின்ட்2டி கணக்கு நிரல் முழுவதும் பரவியிருக்கிறது. அதை நீக்கச் சொந்த வகை எழுதிவிடலாம். ஆனால் பழைய பணிக்கோப்புகளிலும் பாயின்ட்2டி.டபுள் பொருள்கள் சீரியலைஸ் ஆகி உட்கார்ந்திருக்கின்றனவே, அவற்றை டேப்லெட்டில் எப்படித் திறப்பது? மேலும், கல் நீக்குவதற்கு முன்பு, கோடு வெட்டுவதற்கு முன்பு என்று பல இடங்களில் ஜேஆப்ஷன்பேன் என்ற ஸ்விங் உரையாடல் பெட்டி கொண்டு உறுதி கேட்கிறோம். அதுவும் கணக்கு நிரலின் நடுவிலேயே இருக்கிறது.

பதில்: மின்மினி

கோப்பு முதலில். ஆண்ட்ராய்டில் ஆப்ஜெக்ட்இன்புட்ஸ்ட்ரீம் உண்டு; ஆனால் கோப்பில் பதிந்திருக்கும் அந்த க்ளாஸ் அங்கே இல்லாததால் கிளாஸ்நாட்ஃபவுண்ட் பிழை வரும். ரிசால்வ்கிளாஸை மீறி எழுதிப் பெயரைத் திருப்பிவிடும் உத்தி ஒன்று உண்டு. அதில் இறங்க வேண்டாம். பழைய கோப்பைப் படிக்கும் வல்லமை மேசைக்கணினியில் இருக்கிறது. ஆகவே ஆண்ட்ராய்டில் ஒரு வரி எழுதுவதற்கு முன்பே, பழைய கோப்பைத் திறந்தால் ஜேசான் என்ற உரை வடிவில் சேமிக்கும் புதிய மேசைக்கணினிப் பதிப்பை வெளியிட்டுவிடுங்கள். டேப்லெட் ஜேசானை மட்டும் படிக்கட்டும். புதிய வடிவத்துக்கு முதல் புலத்திலேயே பதிப்பு எண் கொடுத்துவிடுங்கள்.

அதோடு, கணக்கு மாட்யூலில் ஃபைல் என்ற வகையை வாங்கும் முறைகள் இருந்தால் இன்புட்ஸ்ட்ரீம் வாங்கும்படி மாற்றுங்கள். ஆண்ட்ராய்டு 10 முதல் பொதுச் சேமிப்பிடத்தைப் பாதை சொல்லித் திறக்கும் வழி சுருங்கிவிட்டது. பயனர் ஆவணத் தேர்வியில் கோப்பைத் தேர்ந்தெடுத்தால் உங்களுக்குக் கிடைப்பது கோப்புப் பாதை அல்ல, கன்டென்ட் யூஆர்ஐ. அதிலிருந்து கன்டென்ட்ரிசால்வர் இன்புட்ஸ்ட்ரீமைத்தான் தரும்.

உறுதி கேட்கும் பெட்டிதான் உங்கள் வேலையில் கடினமான பகுதியாக இருக்கப் போகிறது. ஸ்விங்கில் ஷோகன்ஃபர்ம்டயலாக் அழைத்தால் பயனர் பதில் சொல்லும்வரை அந்த வரியிலேயே நிரல் காத்திருக்கும். பதில் திரும்பும் மதிப்பாக வரும். ஆண்ட்ராய்டில் எந்த உரையாடல் பெட்டியும் அப்படிக் காத்திருக்காது. பெட்டியைக் காட்டச் சொல்லிவிட்டு நிரல் அடுத்த வரிக்குப் போய்விடும், பதில் பிறகு, பயனர் தொட்டதும் அழைக்கப்படும் கால்பேக் முறையில் வரும். முதன்மை இழையை நிறுத்திக் காக்க வைக்க முயன்றால், தொடுதலுக்கு 5 விநாடிகளுக்குள் செயலி பதில் தராத நிலையில், செயலி பதிலளிக்கவில்லை என்ற அறிவிப்பை ஆண்ட்ராய்டே எழுப்பிவிடும். எனவே அந்த முறைகளை நடுவில் பிளந்து, ‘இந்தக் கல்லை நீக்கினால் என்ன ஆகும்’ என்று முன்கூட்டியே சொல்லும் முறை ஒன்று, உண்மையில் நீக்கும் முறை ஒன்று என இரண்டாக்குங்கள். கேள்வி கேட்பது திரையின் வேலை. இரண்டு தளங்களும் தத்தம் வழியில் கேட்டுக்கொள்ளட்டும். இதை முதலில் ஸ்விங்கிலேயே செய்து ஓட்டிப் பார்ப்பது நல்லது.

பின்னணி வேலைக்கான ஸ்விங்வொர்க்கர் இருந்த இடங்களில் எக்ஸிக்யூட்டர்சர்வீஸ் போதும். டேப்லெட்டைத் திருப்பினால் திரையைத் தாங்கும் ஆக்டிவிட்டி அழிந்து மீண்டும் பிறக்கும் என்பதால், திறந்திருக்கும் பணியை ஆக்டிவிட்டிக்குள் வைக்காமல் வியூமாடலில் வையுங்கள். செயலி பின்னணிக்குப் போனபின் இயங்குதளம் அதைக் கொன்றுவிடவும் கூடும்; அப்போது வியூமாடலும் போய்விடும். ஆகவே சேமி என்ற பொத்தானுக்காகக் காத்திராமல் ஒவ்வொரு மாற்றத்தையும் உடனே எழுதிவிடுங்கள்.

பதில்: கோணமானி

அச்சுக்கு ஒரு குறிப்பு. ஆண்ட்ராய்டு 4.4 முதல் பிடிஎஃப்டாக்குமென்ட் என்ற க்ளாஸ் இருக்கிறது; அதன் பக்கமும் கேன்வாஸ்தான். அலகு ஓர் அங்குலத்தில் 72இல் ஒரு பங்கு, ஜாவா.ஏடபிள்யூடி.பிரிண்டில் இருப்பதும் அதே அலகு. எனவே 1:1000 அளவுக்கு நீங்கள் எழுதி வைத்திருக்கும் பெருக்கல் எண்ணை மாற்ற வேண்டியதில்லை.

சங்கிலிக்காரன்

பெட்டிகளைப் பிரிக்கும் வேலையை ஸ்விங்கில் தொடங்கிவிட்டேன். இடையில் தரவுத்தளத்தை மட்டும் சோதிக்கலாம் என்று, கணினியில் உருவான எஸ்க்யூலைட் கோப்பை அப்படியே டேப்லெட்டுக்கு நகலெடுத்து ஆண்ட்ராய்டின் எஸ்க்யூலைட்ஓபன்ஹெல்பர் க்ளாஸ் வழியாகத் திறந்தால், அட்டவணை ஏற்கெனவே இருக்கிறது என்ற பிழையோடு நின்றுவிடுகிறது. எஸ்க்யூலைட் கோப்பு எல்லாத் தளங்களுக்கும் ஒன்றுதானே?

பதில்: வடகரை நிரலர்

கோப்பு வடிவம் ஒன்றுதான். ஆனால் ஓபன்ஹெல்பர், கோப்புக்குள் இருக்கும் யூசர்_வெர்ஷன் என்ற பிராக்மா எண்ணைப் பார்த்துத்தான் இது புதிய தரவுத்தளமா பழையதா என்று முடிவு செய்கிறது. ஜேடிபிசி வழியாக உருவாக்கிய கோப்பில் அந்த எண்ணை யாரும் எழுதாததால் அது சுழியமாக இருக்கும். உடனே புதிது என்று எடுத்துக்கொண்டு ஆன்கிரியேட்டை அழைத்துவிடும், அங்கே உங்கள் அட்டவணை உருவாக்கும் கட்டளை மோதுகிறது. மேசைக்கணினி நிரலிலேயே அந்தப் பிராக்மாவை 1 என்று எழுதி, ஆண்ட்ராய்டிலும் பதிப்பு 1 என்றே கொடுங்கள். ஏற்கெனவே வெளியில் இருக்கும் கோப்புகளுக்காக, ஆன்கிரியேட்டில் அட்டவணை இல்லையென்றால் மட்டும் உருவாக்கும்படி கட்டளையை மாற்றி வையுங்கள்.

டேப்லெட்டிலிருந்து கணினிக்குத் திருப்பி எடுக்கும்போது தரவுத்தளத்தை மூடிவிட்டு நகலெடுங்கள். மாற்றங்களை முதலில் தனிப் பதிவுக் கோப்பில் எழுதும் வால் (WAL) முறையில் இயங்கினால் கடைசியாகச் செய்த மாற்றங்கள் பக்கத்திலுள்ள வால் கோப்பில் தங்கியிருக்கும். முதன்மைக் கோப்பை மட்டும் எடுத்தால் அன்றைக்கு வயலில் பதிந்தவை அதில் வராமல் போகலாம்.